ஸ்லாட் என்ற சொல்லும் ஸ்லாட் இயந்திரமும்

கேள்வி:
கணினியில் நினைவக அட்டையைச் செருகும் இடமும், முன்பதிவில் நமக்கு ஒதுக்கப்படும் நேரமும், சூதாட்டக் கூடத்து இயந்திரமும் ஸ்லாட் என்றே அழைக்கப்படுவது ஏன்? மேலும், நெடுநேரம் பரிசு தராத இயந்திரம் விரைவில் தந்தே தீரும் என்று என் நண்பர் உறுதியாக நம்புகிறார். அது சரியா?

பதில் 1:
மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஒரு பொருள் மட்டும் பொருந்தும் அளவுக்கு அமைந்த குறுகிய இடம். நாணயம் போடும் துளையால்தான் இயந்திரம் அப்பெயரைப் பெற்றது. அஞ்சல் தலையோ மிட்டாயோ விற்ற காசு இயந்திரங்களும் முன்பு அவ்வாறே அழைக்கப்பட்டன. விமானம் புறப்படவோ இறங்கவோ விமான நிலையம் ஒதுக்கும் நேரத்தையும் ஸ்லாட் என்பது, காலத்தையே இடமாகக் கருதும் வழக்கத்தால் வந்தது. டச்சு மொழியில் பூட்டைக் குறிக்கும் ஸ்லாட் வேறு வேரிலிருந்து வந்தது.

பதில் 2:
நண்பரின் நம்பிக்கை தவறு. அதை நம்பிப் பணம் இழந்தவரை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே உருவாக்கிய லிபர்ட்டி பெல் இயந்திரத்தில் மூன்று உருளைகள் விசையால் சுழன்றன. ஆகவே வாய்ப்பு, உருளையில் இருந்த படங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒவ்வொன்றிலும் 22 நிறுத்தங்கள் கொண்ட மூன்று உருளைகள் 10,648 வகைகளில்தான் நிற்க முடியும். 1984இல் இங்கெ டெல்னஸ் (Inge Telnaes) என்பவர் பெற்ற காப்புரிமை இந்த எல்லையை உடைத்தது. அதன்படி, நிறுத்தத்தைத் தேர்ந்தெடுப்பது கணினி உருவாக்கும் சமவாய்ப்பு எண்; உருளை அந்த முடிவைக் காட்டுவதோடு சரி. கணக்கில் ஒவ்வோர் உருளைக்கும் 64 நிறுத்தங்கள் இருந்து, பெரும்பரிசுப் படத்துக்கு ஒன்று மட்டும் ஒதுக்கப்பட்டால், வாய்ப்பு 2,62,144இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் உருளையோ மாறுவதில்லை. ஒவ்வொரு சுழற்சியும் தனித்தது. முந்தைய தோல்விகள் அடுத்ததன் வாய்ப்பைக் கூட்டுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால், 95 விழுக்காடு திரும்பக் கிடைக்கும் என்ற அறிவிப்புக்கு என்ன பொருள்?

பதில் 3:
அது மிக நீண்ட ஆட்டத்தின் சராசரி. ஒருவர் எடுத்துச் சென்ற பணத்தில் 95 விழுக்காடு மீளும் என்பதன்று. 100 ரூபாயை ஒரு ரூபாய் வீதம் ஒரு சுற்று ஆடினால் சராசரியாக 95 மிஞ்சும். அதையும் முழுதாக மீண்டும் ஆடினால் 90.25. வென்ற பணத்தையே திரும்பத் திரும்பப் பந்தயம் கட்டுவதால்தான் இழப்பு இவ்வாறு சேர்கிறது.