பிள்ளை சென்னையில் ப்ளஸ் டூ, நீங்கள் வெளிநாட்டில்: அந்த ஒரு வருடத்துக்கு

புதிதாக தோஹாவுக்குப் போயிருக்கும் ஒரு அண்ணா கேட்டிருந்தார்: "பையன் மடிப்பாக்கத்தில் அவன் அம்மாவோடு இருக்கிறான். இந்த வருஷம் ப்ளஸ் டூ. தினமும் ராத்திரி போன் பண்ணி 'படிச்சியா?'ன்னு கேட்கிறேன். அதைத் தவிர இங்கிருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை."

முதல் வேலையாக அந்தக் கேள்வியை நிறுத்திவிடுங்கள் அண்ணா. ஸ்கூலில் டெஸ்ட், ட்யூஷனில் டெஸ்ட், அப்புறம் பக்கத்து வீட்டு மாமி விசாரணை என்று எல்லாம் முடித்துவிட்டுத்தான் அவன் உங்கள் போனை எடுக்கிறான். என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். நானும் மகளும் மாமியாரும் நங்கநல்லூரில். மகள் போன வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: படிப்பை அவனிடம் விட்டுவிடுங்கள். காகிதம், பணம், தேதி இந்த மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து செய்யக்கூடிய வேலை அதுதான். வீட்டில் தனியாக நிற்கும் அவன் அம்மாவுக்குப் பெரிய சுமை குறைவதும் அதில்தான்.

காகிதத்தில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிப்பது அதுதான்.

பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவின் ஆர்' என்று இருக்கும். ஆதாரில் 'ஆர் கவின்'. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பாவின் முழுப்பெயர். நம் வீடுகளில் இது சர்வ சாதாரணம், யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஜேஇஇ, நீட் விண்ணப்பத்தில் ஆதாரையும் பத்தாம் வகுப்புப் பட்டியலையும் பார்க்கிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கான ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறது. வெளிநாட்டுக் கல்லூரி இரண்டையும் கேட்கிறது. பள்ளியில் பொதுத்தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப் பட்டியலை (நாமினல் ரோல்) தயாரிக்கும்போது பெயர், இனிஷியல், பிறந்த தேதியெல்லாம் சரிபார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக நீங்கள் பாருங்கள். அதற்குப் பிறகு திருத்துவதென்றால் அலைச்சல்தான்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இ-சேவையில் வாங்கிய, டிஜிட்டல் கையெழுத்து உள்ள சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர வேண்டும், மே மாதத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். பிள்ளைக்கு வாங்க அப்பாவின் சான்றிதழையோ டி.சி.யையோ கேட்பது வழக்கம். அது எங்கே இருக்கிறது? விசா வேலைக்காக எடுத்துப் போன ஃபைலோடு தோஹா அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறதா? பலருக்கும் அப்படித்தான். ஊருக்கு வரும் யாரிடமாவது பத்திரமாகக் கொடுத்து அனுப்புங்கள்.

எட்டாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் பொறியியல் கவுன்சலிங்குக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டாம். நடுவில் ஒரு வருடம் பெங்களூரிலோ துபாயிலோ படித்திருந்தால் வேண்டும். இதையும் இப்போதே பார்த்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஓடிபி. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், மே மாதத்தில் சிரிப்பு வராது. ஆதார், பேங்க், ஸ்கூல் எல்லாவற்றிலும் உங்கள் பழைய நம்பர்தான் இருக்கும். அந்த சிம் ரோமிங் இல்லாமல் தோஹாவில் ஒரு டப்பாவில் கிடக்கும். இங்கே இவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பையனின் ஆதாரிலும் விண்ணப்பங்களிலும் சென்னையில் இருக்கும் நம்பரைக் கொடுங்கள். மின்னஞ்சல் மட்டும் ஒன்று புதிதாகத் திறந்து, மூவரும் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கவுன்சலிங். இதில் கொஞ்சம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் வெளிநாட்டு அப்பாக்கள் பலர் அவர்கள் காலத்து நினைவை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 1200-க்கு மார்க், நுழைவுத்தேர்வு, 300-க்கு கட்-ஆஃப், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் குடும்பத்தோடு காத்திருந்து திரையில் இடங்கள் குறைவதைப் பார்ப்பது எல்லாம் போயாச்சு. பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு 2007 முதல் கிடையாது. ப்ளஸ் டூ மொத்தம் இப்போது 600. கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 90 என்றால் 96 + 46 + 45, மொத்தம் 187. ஒரே கட்-ஆஃப் பலருக்கு வந்தால் முதலில் கணக்கு, பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், எல்லாம் சமம் என்றால் பிறந்த தேதி, கடைசியில் ராண்டம் எண். கவுன்சலிங் 2018 முதல் ஆன்லைன்.

மே முதல் பாதியில் ரிசல்ட் வரும், அதை ஒட்டியே விண்ணப்பம் திறந்துவிடும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250. ரேங்க் பட்டியல் வந்த பிறகு, ஜூலையிலிருந்து சுற்று சுற்றாகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யச் சில நாள், வந்த இடத்தை உறுதி செய்ய அதைவிடக் குறைந்த நாள். அவ்வளவுதான் அவகாசம்.

அந்தப் பட்டியலில்தான் விஷயமே இருக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் மேலிருந்து கீழே பார்த்து, இடம் காலியாக இருக்கும் முதல் விருப்பத்தைக் கொடுப்பார்கள். அதனால் 'நமக்கு எது கிடைக்கும்' என்று கணக்குப் போட்டு மேலே எழுதக் கூடாது. எது வேண்டுமோ அதை மேலே எழுதுங்கள்; கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, அடுத்ததற்குப் போகும். எங்கள் வீட்டில் மாமனார் வழிச் சொந்தக்காரர் ஒருவர், "கிண்டியை முதலில் எழுதினால் மற்றதெல்லாம் போய்விடும்" என்று சாதித்தார். போகாது.

எங்கள் வீட்டில் இப்படி நடந்தது. என் கணவர் மஸ்கட்டில் உட்கார்ந்து, முந்தைய வருடத்துக் கட்-ஆஃப் பட்டியலை எக்செல்லில் போட்டார். எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு எத்தனையில் முடிந்தது என்று மட்டும். வரிசையை அவர் தொடவில்லை. மகள் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்துப் பென்சிலால் வரிசை போட்டாள். ஈசிஇ-யை (எலக்ட்ரானிக்ஸ்) கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேலே வைத்தாள். வீடியோ காலில் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆனாலும், "ஏன் என்று சொல்லு, கேட்கிறேன்" என்று மட்டும்தான் கேட்டார். அவள் சொன்ன காரணம் அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவளிடம் காரணம் இருந்தது. சரி என்று விட்டுவிட்டார்.

கல்லூரிப் பெயரைப் பார்த்து எழுதாதீர்கள், கவுன்சலிங்கில் ஒவ்வொரு கல்லூரிக்கும் இருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். கிண்டி வளாகம் 1, குரோம்பேட்டை எம்ஐடி 4. இவை குழப்பம் தராது. ஆனால் ஒரே சாமி பெயரில், ஒரே நிறுவனர் பெயரில் வெவ்வேறு மாவட்டங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டியலை இணையத்தில் பூட்டுவதற்கு முன்னால் எண்களை ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இதை தோஹாவிலிருந்து தாராளமாகச் செய்யலாம்.

இடம் வந்தபின், ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே காத்திருப்பது, வேண்டாமென்று அடுத்த சுற்றுக்குப் போவது என்று சில தேர்வுகள் வரும். மேலே காத்திருப்பது என்றால் பட்டியலில் நீங்கள் ஏற்கெனவே மேலே எழுதியவற்றுக்கு மட்டும்தான் நகர முடியும், புதிதாகச் சேர்க்க முடியாது. எதை அழுத்துவது என்பதை இடம் வருவதற்கு முன்பே வீட்டில் பேசி வையுங்கள்.

கலை அறிவியல் என்றால் இவ்வளவு சிக்கல் இல்லை. ஆனால் லயோலா, எம்சிசி, ஸ்டெல்லா மேரிஸ், எத்திராஜ் எல்லாம் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி தேதி. அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும் ஒரே இணையதளம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் தேர்வு. பொறியியல் மோகத்தில் இந்தத் தேதிகளை விட்டுவிட்டு ஜூனில் பி.காம். தேடுகிறவர்கள் நிறைய. ஜேஇஇ மெயின் ஜனவரி, ஏப்ரல் இரண்டு முறை நடக்கிறது. நீட் மே மாதத் தொடக்கத்தில். இரண்டையும் தமிழிலும் எழுதலாம்.

ரிசல்ட் வந்த அன்றே புரோக்கர்கள் போன் வரும். நம்பர் எப்படிக் கிடைத்ததென்று கேட்காதீர்கள். அப்பா வெளிநாட்டில் என்று தெரிந்தால் குரல் இன்னும் இனிக்கும். "என்ஆர்ஐ ஆகிட்டீங்க சார், என்ஐடி-யிலேயே சீட் வாங்கித் தரேன்." நம்பாதீர்கள். வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்கான டாசா என்ற அந்த வழிக்குப் பிள்ளை குறைந்தது இரண்டு வருடம் வெளிநாட்டில் படித்து, ப்ளஸ் டூ-வையும் அங்கேயே முடித்திருக்க வேண்டும். ஜேஇஇ மெயின் ரேங்க்கும் வேண்டும். அப்பாவின் விசா மட்டும் போதாது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கென்று அண்ணா பல்கலைக்கழகத்தில் தனி இடங்கள் உண்டு. அதற்கான அறிவிப்பை அவர்கள் இணையதளத்திலேயே படியுங்கள், இடையில் யாரும் தேவையில்லை.

தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டினாலும் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) அனுமதி பெற்ற கல்லூரிகளில் குறிப்பிட்ட கடைசித் தேதிக்குள் விலகினால் 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்ப வேண்டும். "அதெல்லாம் பேப்பர்ல சார்" என்று அலட்சியமாகப் பதில் வரும். எழுத்தில் கேளுங்கள், குரல் மாறும்.

லண்டனுக்குப் போயிருக்கும் ஒருவர் இடையில் கேட்டார்: "நான் இங்கே வரி கட்டுகிறேன், மகளை இங்கேயே கல்லூரியில் சேர்த்தால் உள்ளூர்க் கட்டணம்தானே?" இல்லை சார். பொதுவாக அங்கே நிரந்தரமாக வசிப்பதற்கான அனுமதியும், படிப்பு தொடங்கும் முன் மூன்று வருடம் அங்கேயே வசித்திருப்பதும் வேண்டும். வேலை விசாவில் புதிதாகப் போனவரின் பிள்ளைக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான். 2025-26-இல் இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்கு வருடம் 9,535 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. வெளிநாட்டு மாணவருக்கு அப்படி வரம்பே கிடையாது, இரண்டு மூன்று மடங்கு சாதாரணம். இன்னொன்றும் பாருங்கள்: 18 வயது தாண்டிவிட்டால் முதல்முறையாக உங்கள் டிபெண்டன்டாக அவளைக் கூப்பிட முடியாது. அங்கே பொது விண்ணப்பத் தளமான யுகாஸில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15, மற்றவற்றுக்கு ஜனவரி. பள்ளியின் பரிந்துரைக் கடிதமும் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணும் வேண்டும். நம் ஊர் பள்ளிகள் பலவற்றுக்கு இது பழக்கமில்லை. ஜூலையிலேயே தலைமையாசிரியரைப் பார்த்து, என்ன எழுத வேண்டும் என்று மாதிரி காட்டிப் பேசுங்கள்.

நீட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாப்பாடு குறைவது, தூங்காமல் இருப்பது, "என்னால முடியாதுப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதெல்லாம் போனில் தெரியாது, வீடியோவில்கூட மறைத்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர் சொன்னால், "எல்லாம் டென்ஷன்தான்" என்று தள்ளாதீர்கள். அரசின் உதவி எண்களான 104-க்கும் 14416-க்கும் கூப்பிட்டால் ஆலோசனை கிடைக்கும், பெற்றோரும் கூப்பிடலாம். இன்னொரு வருடம் எழுதுவதா வேண்டாமா என்ற பேச்சை ரிசல்ட் அன்றைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

கடைசியாக, லீவு எப்போது போடுவது என்ற கேள்வி. எல்லோரும் மார்ச்சில் பரீட்சைக்கு வரத்தான் துடிக்கிறார்கள். அப்பா வந்தால் சொந்தங்கள் வரும், பிரியாணி வரும், ஏர்போர்ட்டுக்குப் போக ஒரு நாள் போகும். பையன் பாத்ரூமில் நின்று ஃபார்முலா படிப்பான். மார்ச்சில் வராதீர்கள் அண்ணா, ஜூலையில் வாருங்கள். கவுன்சலிங் தேதி தள்ளிப்போவது உண்டு, அதனால் டிக்கெட்டை மட்டும் தேதி மாற்றக்கூடியதாகப் போடுங்கள்.