எலுமிச்சை பன்னா கோட்டா: திரைந்ததும் உறைந்ததும்

பலெர்மோவிலிருந்து

நான் சிசிலிக்கு வந்து 21 வருசம். எங்கட சனம் கனபேர் இங்க செய்யிற வேலைதான் எனக்கும். வயது போன ஒரு அம்மாவின்ர வீட்டில சமையல், துப்பரவு, நேரத்துக்கு மருந்து எடுத்துக் குடுக்கிறது. முதல் நாள் அந்த அம்மா கையைக் காட்டி "குச்சீனா, குச்சீனா" எண்டா. எனக்கு அந்த நேரம் இத்தாலி பாசை ஒரு சொல்லும் தெரியாது. ஆனா அது விளங்கிட்டுது. எங்கட ஊரிலயும் அது குசினிதானே. போர்த்துக்கேயன் யாழ்ப்பாணத்தில விட்டிட்டுப் போன சொல் பலெர்மோவில வந்து கைகுடுத்தது.

விளங்காமல் போனது எலுமிச்சம்பழம். எங்களுக்குத் தேசிக்காய் எண்டால் உள்ளங்கைக்குள்ள அடங்கிற உருண்டை, மெல்லிய தோல், பிழிஞ்சால் புளி. அவ்வளவுதான். இங்க லிமோனே எண்டு மேசையில வைச்சது முட்டையை விடப் பெரிசு, நுனியில ஒரு கூர், தோல் நல்ல தடிப்பு. நான் வழக்கம்போலப் பாதியா வெட்டிப் பிழிஞ்சிட்டுத் தோலைக் குப்பை வாளிக்குள்ள போட்டன். சிஞ்ஞோரா, அதுதான் அந்த அம்மா, பேசாமல் எழும்பி வந்து வாளிக்குள்ள கையை விட்டு, தோலை எடுத்துக் கழுவி, என்ர மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து நகத்தால ஒருக்கா கீறினா. அந்த வாசம் சாறில இல்லை. அண்டைக்குப் பிடிச்ச பாடம் அது. ஆனா முழுசாப் படிக்கேல்லை எண்டது பிறகுதான் தெரிஞ்சது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவாவின்ர மகன் குடும்பமாச் சாப்பாட்டுக்கு வருது. எலுமிச்சம்பழம் போட்டுப் பன்னா கோட்டா செய்யச் சொன்னா. அது கிரீமைச் சூடாக்கி ஜெலட்டின் போட்டு உறையவைக்கிற இனிப்பு, வடக்கே பியெமொந்தே பக்கத்துச் சாமான். சிசிலிக்காரருக்குச் சொந்தமில்லை, ஆனா இப்ப எல்லா வீட்டிலயும் செய்யினம். வீட்டில கிரீம் காணாது. நான் பாதிக்குப் பாதி பாலை ஊத்திச் சூடாக்கினன். சீனி கரைஞ்சுது. கொதி வாற நேரம் பாத்து ஒரு முழுப் பழத்தின்ர சாறை ஊத்தினன். கரண்டி ரெண்டு சுத்துச் சுத்தேல்லை, சட்டிக்குள்ள வெள்ளை வெள்ளையாக் கட்டி, சுத்திவர மஞ்சள் தண்ணி. சிஞ்ஞோரா எட்டிப் பாத்திட்டு "ரிக்கோத்தா செய்திட்டாய்" எண்டு சிரிச்சா. அது இங்கத்தைய மெதுவான பாற்கட்டி. துணியில வடிச்சம். அண்டைக்கு எல்லாருக்கும் அதையே தேனோட குடுத்தம். மகன் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினார் எண்டதையும் சொல்லவேணும்.

அதுக்குப் பிறகு நான் செய்யிறது இப்பிடி. பன்னா ஃப்ரெஸ்கா, அதாவது 35 சதவீதம் கொழுப்பு உள்ள கிரீம், அரை லீற்றர். சீனி 90 கிராம். ரெண்டு பழத்தின்ர மஞ்சள் தோலை மட்டும் சீவல் கத்தியால மெல்லிசா எடுத்து, சீனிக்குள்ள போட்டு விரலால பிசையவேணும். சீனி ஈரமாகி, கை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்காகி, குசினி முழுக்க மணக்கத் தொடங்கும். உள்ளுக்க இருக்கிற வெள்ளை வந்தால் கைப்பு, அதை விடாதேங்கோ. பிறகு கிரீமை ஊத்திச் சூடாக்கி, கொதிக்க முதல் இறக்கி, அரை மணித்தியாலம் மூடி வைச்சு வடிக்கிறது. ஜெலட்டின் தாள் மூண்டு, அதாவது 6 கிராம். பச்சைத் தண்ணியில ஊறவைச்சுப் பிழிஞ்சு, திரும்ப இளஞ்சூடாக்கின கிரீமில கரைக்கவேணும். விரல் வைச்சால் சூடே தெரியாத அளவுக்கு ஆறின பிறகுதான் சாறு, மூண்டு மேசைக்கரண்டி. கடைசியா. எப்பவும் கடைசியா.

இன்னுமொரு கதை. இந்த ஜெலட்டினுக்கு இங்க பேர் கொல்லா தி பேஷே, மீன் பசை. நானும் மீன் எண்டு நம்பி, வெள்ளிக்கிழமை மட்டும் தொடாமல் மற்ற நாளெல்லாம் சாப்பிட்டுக்கொண்டு திரிஞ்சன். வாசிக்கப் பழகின பிறகு ஒருநாள் பெட்டியின்ர பின்பக்கத்தைப் பாத்தால், பன்றி. ஒரு காலத்தில மீனின்ர காத்துப்பையில இருந்து எடுத்ததாம், பேர் மட்டும் மிஞ்சிப் போட்டுது. எங்கட பள்ளிவாசல் போற சிநேகிதிக்கு ரெண்டுதரம் குடுத்திருக்கிறன். அவளிட்டை இன்னும் சொல்லேல்லை.

மிலானிலிருந்து

அக்கா, உங்கள் குசினி எனக்கு வேறு விதத்தில் வினையாகிவிட்டது. இங்கே மேற்படிப்புக்கு வந்த முதல் வருடம், அறைத்தோழனின் பிறந்தநாள். அவன் ஊர் சலேர்னோ. ஊறிய பிஸ்கட்டும் கிரீமும் அடுக்கிச் செய்கிற திராமிசு என்ற இனிப்பை எலுமிச்சையில் செய்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன். பச்சை முட்டை வேண்டாம், மஸ்கார்போனே என்ற மென்மையான பாற்கட்டியோடு அடித்த கிரீம் சேர்த்தால் போதும் என்று திட்டம். கடையில் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள், மேலே 'பன்னா தா குச்சீனா' என்று எழுதியிருந்தது. சமையலறைக்கான கிரீம், நாம் நிற்பதும் சமையலறை, பிறகென்ன என்று நாலு பெட்டி வாங்கினேன்.

இருபது நிமிடம் அடித்தேன். கடன் வாங்கிய மிக்ஸர் சூடாகி வாடை வர ஆரம்பித்தது. கிரீம் மட்டும் அசையவே இல்லை, கஞ்சி மாதிரி அப்படியே இருந்தது. அது பாஸ்தா சாஸுக்கு ஊற்றுகிற சாமான். கொழுப்பு குறைவு, கெட்டியாக இருக்க வேறு ஏதோ சேர்த்திருப்பார்கள், எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. அடிக்கிற கிரீம் குளிர்பெட்டியில் தனியாக இருக்கும்.

இது போதாதென்று, வலைப்பையில் வந்த எலுமிச்சையின் தோலை ஆசைதீரத் துருவி வைத்திருந்தேன். தோழன் வந்தவன் முதலில் அந்த வலைப்பையின் சீட்டைத்தான் எடுத்துப் பார்த்தான். 'பூச்சா நொன் எதீபிலே'. தோல் உண்ணத்தக்கதல்ல. பறித்த பிறகு பூஞ்சை வராமல் இருக்க மருந்தும் மெழுகும் பூசிய பழமாம். கழுவினால் போகாதா என்று கேட்டேன். அவன் பதிலே சொல்லாமல் கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்த்தான்.

பிறகு அவன் ஊருக்குப் போய்வந்தபோது இலையும் காம்புமாக ஒரு பை பழம் கொண்டுவந்தான். அமால்ஃபிக் கரையில் மலைச்சரிவுப் படிக்கட்டு வயல்களில் விளையும் நீண்ட பழம், அவர்கள் ஸ்ஃபுஸாத்தோ என்கிறார்கள். துண்டு போட்டு உப்புத் தொட்டு அப்படியே தின்றான், தோலோடு. நானும் தின்றேன். வீட்டு ஊறுகாய் ஜாடியைத் திறந்து இரண்டு நாள் ஊறியதை எடுத்துத் தின்ன ஞாபகம் வந்துவிட்டது. திராமிசு? அன்றைக்கு மறுபடி செய்தோம். சவொயார்தி பிஸ்கட்டை எலுமிச்சைப் பாகில் ஒரு நொடிக்கு மேல் முக்காதே என்று பக்கத்திலேயே நின்று எண்ணினான். மஸ்கார்போனேயில் சாறு விட்டு நான் அடித்த அடியில் அது மணல் மணலாகப் போனது வேறு கதை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

தூத்துக்குடிக்காரர், கப்பலிலிருந்து

தம்பி, அடித்ததுதான் காரணம். மஸ்கார்போனே என்பதே கிரீமைச் சூடாக்கிப் புளிப்பு விட்டுத் திரளவைத்ததுதான். அதில் மேலும் சாறு விட்டால் முதலில் நன்றாக இறுகும். 'ஆகா' என்று நினைத்து இன்னும் நாலு சுற்று விட்டீர்கள் என்றால் கொழுப்பு தனியே பிரிந்து வெண்ணெய் ஆகத் தொடங்கும். ரப்பர் கரண்டியால் மடித்துக் கலக்க வேண்டும், மிக்ஸரை அதற்கு முன்னாலேயே கழுவி வைத்துவிட வேண்டும்.

எனக்குப் பயணிகள் கப்பலில் பேஸ்ட்ரி வேலை, பதினோரு வருடம். பலெர்மோ அக்கா சொன்ன திரைச்சலை நான் 40 லிட்டரில் செய்திருக்கிறேன், அதனால் யாரும் வெட்கப்பட வேண்டாம். குற்றவாளி பால்தான். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் புளிப்பும் சூடும் சேர்ந்தால் கட்டியாகிவிடும், நம் வீட்டுப் பன்னீர் அதுதான். கிரீமில் கேசின் குறைவு, கொழுப்பு அதிகம். அதே சாற்றை விட்டால் திரையாமல் வழவழப்பாகக் கெட்டிப்படும். ஆகவே பால் சேர்க்காவிட்டால் கொஞ்சம் சூட்டிலும் தப்பிக்கலாம். பால் சேர்த்தால் அக்கா சொல்வதுபோல் ஆறிய பிறகுதான்.

நேப்பிள்ஸில் கப்பல் நிற்கும்போது ஒருமுறை ரயிலேறிச் சொரெண்டோ போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நெரிசலும் வெக்கையும் சொல்லி மாளாது. போனது டெலிசியா அல் லிமோனே தின்பதற்காக மட்டும். 1978இல் கார்மினே மார்சுயில்லோ என்ற பேஸ்ட்ரிக்காரர் அங்கே உருவாக்கிய பண்டம். பார்க்க வெள்ளையாக, அரைத் தேங்காய் மூடியைக் கவிழ்த்தமாதிரி இருக்கும். உள்ளே ஸ்பாஞ்ச் கேக், லிமோன்செல்லோ என்ற எலுமிச்சை மது கலந்த பாகில் ஊறியது. அதற்குள் வெண்ணெயும் மஞ்சள் கருவும் போட்டுக் காய்ச்சிய எலுமிச்சைக் கிரீம், மாவுக் கஸ்டர்ட், அடித்த கிரீம் மூன்றும் சேர்ந்த கலவை. அதே கலவையைக் கொஞ்சம் தளர்த்தி மேலே ஊற்றியிருப்பார்கள்.

நான் ஸ்பூனால் வெட்டி உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தேன், பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்தார். கப்பலில் நாங்கள் போடுவதில் சாறு தூக்கலாக இருக்கும், முதல் வாயிலேயே பல் கூசும். அங்கே புளிப்பு எங்கோ பின்னால் வருகிறது. முன்னால் நிற்பது தோலின் மணம். திரும்பி வந்து எங்கள் செய்முறையில் சாற்றைப் பாதியாக்கித் தோலை இரட்டிப்பாக்கினேன். மேலதிகாரி கணக்குக் கேட்டார், தின்றுபார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வீட்டில் டெலிசியா முயற்சி செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு பேருக்குச் செய்ய மூன்று கிரீம், எட்டுப் பாத்திரம், ஒரு நாள்.

கோயமுத்தூரிலிருந்து

எல்லாரும் இத்தாலியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்கள், நம்ம கதையையும் கேளுங்க. நமக்குக் கிடைப்பது நாட்டு எலுமிச்சை. கிரீம், பெட்டியில் 25 சதவீதம் என்று போட்டிருந்தது. வீட்டில் சைவம், ஜெலட்டின் வாசப்படி தாண்டாது. கடல்பாசிதான், அகர் அகர் பவுடர்.

முதல் தடவை கண்ணளவில் ஒரு ஸ்பூன் குவியலாகப் போட்டேனுங்க. உறைந்தது, நல்லாவே உறைந்தது. தட்டில் கவிழ்த்தால் பந்து மாதிரி ஆடுது. பையன் அதை மேசைமேல் ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பார்த்தான், உடையவே இல்லை. நாட்டு எலுமிச்சைத் தோலை நாலு பழத்துக்குத் துருவியிருந்தேன். தோல் மெல்லிசு, துருவி கொஞ்சம் அழுந்தினாலே வெள்ளையில் இறங்கிடுது, ஒரே கசப்பு.

இரண்டாம் தடவை பலெர்மோ அக்கா சொன்னபடி. கிரீம் விரலுக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும், அப்புறம் சாறு என்று காத்திருந்தேன். ஆறிக்கொண்டே இருக்குதுன்னு நினைச்சா, அது பாத்திரத்திலேயே உறைஞ்சே போச்சு. சாற்றை விட்டுக் கிளறினால் இட்லி மாவில் இட்லித் துண்டைப் போட்டமாதிரி கட்டிகட்டியாக மிதக்குது. என்னங்க தப்பு? அக்கா சொன்னதைத்தானே செஞ்சேன்?

தூத்துக்குடிக்காரர்

அக்கா சொன்னது ஜெலட்டினுக்கு. ஜெலட்டின் குளிர்பெட்டிக்குப் போனால்தான் உறையும், காத்திருக்கலாம். அகர் கிட்டத்தட்ட 35, 40 டிகிரியிலேயே, அதாவது அறையிலேயே உறைந்துவிடும். திரும்ப உருக்க 85 டிகிரிக்குப் போக வேண்டும். அரை லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம், ஒன்றரை போதும், தராசில் நிறுங்கள். கிரீமில் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். ஆவி அடங்கினதும் சாறு, உடனே கிண்ணத்தில். சாற்றோடு கொதிக்கவிட்டால் அகருக்குப் பிடிப்பு போய்விடும். பால் ஒரு சொட்டும் வேண்டாம். உங்கள் 25 சதவீதத்தில் லேசாகக் குறுநொய் தெரியலாம், அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். தோலைத் துருவாதீர்கள், அக்கா மாதிரி சீவி ஊறவைத்து வடியுங்கள்.

பலெர்மோவிலிருந்து

கோயமுத்தூர்த் தம்பி, மன்னிக்கவேணும். எனக்கு அகர் தெரியாது. ஆனா உங்களுக்கு இங்கத்தையச் சாமான் ஒண்டு சொல்லுறன், கிரீமும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. ஜெலோ எண்டு பேர். யூலை மாசம் பலெர்மோவின்ர காவல் புனிதை சந்த ரொசலியாவின்ர திருவிழாவுக்கு வத்தகைப்பழச் சாறில சோளமா கரைச்சுக் காய்ச்சி உறையவைச்சு, மேல மல்லிகைப்பூ வைச்சுக் குடுப்பினம். எங்கட சனம் சைவக்காரரும் ரொசலியாவிட்டைப் போறவை, மலையேறிக் கும்பிட்டிட்டு வருவம். அதே மாதிரி எலுமிச்சம்பழத்திலயும் செய்யலாம். தோல் ஊறின தண்ணி முக்கால் லீற்றர், சீனி 200 கிராம், சோளமா 90 கிராம். கட்டிபடாமல் பச்சைத் தண்ணியில கரைச்சுப் போட்டுத் துழாவவேணும். தடிச்சு, கண்ணாடி மாதிரிப் பளபளத்தாப் பிறகுதான் சாறு, ஒரு கப். முதலே விட்டுக் காய்ச்சினால் மா இளகிப் போகும். வழவழப்பு வேணுமெண்டால் தண்ணிக்குப் பதிலா வாதுமைப் பால். பால்மாதிரி இருக்கும்.

இப்ப யூலை. கடையில நிக்கிறது பச்சைத் தோல் பழம், வெர்தெல்லோ. போன வருசக் கோடையில மரத்துக்குத் தண்ணி விடாமல் வாட்டி, பிறகு ஒரேயடியாத் தண்ணி விட்டுப் பூக்கவைச்ச பழமாம். மரத்துக்குப் பாவம், எங்களுக்கு நல்லது. பச்சை எண்டபடியால் எனக்கு அது பாதி தேசிக்காய்.

தூத்துக்குடித் தம்பி சொன்ன அளவில நானும் இண்டைக்கு அகர் போட்டுப் பாத்தன், ஒன்றரைக் கிராம், நிறுத்துத்தான். அந்தப் பள்ளிவாசல் சிநேகிதியை இரவுக்கு வரச் சொல்லியிருக்கிறன். கிண்ணத்தைச் சரிச்சுப் பாத்தன், ஓரம் மட்டும் மெல்லமா ஆடுது. இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கட்டும்.