ஹாங்காங் தோல் கண்காட்சி முடிந்து அரை நாள் இருக்கிறது: சி லின் புத்த மடத்துக்குப் போகலாமா?

பாலாற்றுப் பெண் (வேலூர்)

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) செய்யும் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வருகிற மார்ச்சில் ஹாங்காங் தோல் கண்காட்சிக்கு என்னையும் அனுப்புகிறார்கள். வெளிநாட்டுப் பயணம் இதுதான் முதல் தடவை. மூன்று நாளும் வான்சாய் கன்வென்ஷன் சென்டருக்குள்தான் கிடக்க வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. கண்காட்சி முடிந்த மறுநாள் ராத்திரிதான் ஃப்ளைட். அன்றைக்கு முதலாளியும் மற்றவர்களும் ஷென்ஜென் பக்கம் ஏதோ மெஷின் பார்க்கப் போகிறார்கள். எனக்குச் சீன விசா எடுக்கவில்லை. ஆக, காலையிலிருந்து மூன்று மணி வரை நான் சும்மா.

ஆபீஸில் யாரைக் கேட்டாலும் டிஸ்னிலேண்ட், லேடீஸ் மார்க்கெட் என்கிறார்கள். மூன்று நாள் கூட்டத்தில் நின்றவளுக்கு நாலாவது நாளும் கூட்டமா? சி லின் என்று ஒரு பிக்குணி மடத்தின் படம் பார்த்தேன். மரக் கூரை, குளம், அதற்குப் பின்னாலேயே வானத்தை மறைத்துக்கொண்டு அடுக்குமாடிகள். நிஜமாகவே அமைதியாக இருக்குமா, இல்லை ஆட்களை வெட்டிவிட்டுப் படம் போடுகிறார்களா? தனியாகப் போகலாமா? நான் சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கு வழி உண்டா? அம்மா வேறு, "புத்தர் கோயில்தானே, ஒரு விளக்கு ஏத்திட்டு வா" என்கிறார்.

காட்பாடி ஜங்ஷன்

அவ்வளவு தூரம் போய் ஒரு தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வருவதா? லாந்தாவ் தீவில் பெரிய புத்தர் இருக்கிறார். 34 மீட்டர் உயர வெண்கலச் சிலை, 268 படி, கேபிள் கார் சவாரி. ஏர்போர்ட்டும் அந்தப் பக்கம்தான். அதைப் பார்க்காமல் வந்தால் ஊரில் என்னத்தைச் சொல்வீர்கள்? நேரம் மிஞ்சினால் வாங் தை சின் கோயில். குச்சி குலுக்கிக் குறி கேட்கலாம். எனக்கு வந்த குறி பலிக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஆம்பூர் ஃபினிஷிங்

தங்கச்சி, யோசிக்காமல் போயிட்டு வாங்க.

காட்பாடிக்காரர் சொல்லும் பெரிய புத்தரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேபிள் காருக்கு ஒரு வரிசை, இறங்க ஒரு வரிசை. மார்ச்சில் மூடுபனி இறங்கிவிட்டால் 34 மீட்டர் சிலையில் பாதம்தான் தெரியும். அந்த மாதம் ஹாங்காங்கில் சுவரே வியர்க்கும், தோல் மாதிரித் துண்டுகள் வைத்த நம் ஸ்வாட்ச் புத்தகமெல்லாம் நமுத்துப்போகும். ஏர்போர்ட் பக்கம் என்பது சரி, பெட்டியை இழுத்துக்கொண்டா 268 படி ஏறுவது?

நான் தோல் ஃபினிஷிங் (கடைசி மெருகு வேலை) பக்கம். கண்காட்சி 2022, 2023 இரண்டு வருஷம் துபாய்க்குப் போய்விட்டு 2024-இல் திரும்பி வந்தது தெரிந்திருக்கும். துபாய்க்குப் போவதற்கு முன்பும் சரி, இப்போதும் சரி, ஹாங்காங் போனால் ஒரு மதியத்தை சி லின்னுக்கு என்று ஒதுக்கிவிடுவேன். முதலில் போனது பக்தியால் இல்லை. பையர் ஒருத்தர் கடைசி நிமிஷத்தில் மீட்டிங்கை ரத்து செய்தார், கால் வலி தாங்கவில்லை, உட்கார இடம் தேடிப் போனேன்.

வழி சுலபம். கன்வென்ஷன் சென்டரை ஒட்டியே எக்ஸிபிஷன் சென்டர் என்று எம்டிஆர் (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் இருக்கிறது, 2022-இல் திறந்தது. அங்கே ஏறினால் அடுத்த ஸ்டேஷன் ஹங் ஹாம். அங்கே துன் மா லைனுக்கு மாறி டயமண்ட் ஹில்லில் இறங்க வேண்டும். சி2 வாசல் வழியாக வெளியே வந்து ஐந்து நிமிஷ நடை. வெளியே வந்ததும் முதலில் தெரிவது ஷாப்பிங் மாலும் பஸ்ஸும்தான், பயந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. அமைதியா என்றால், ஆமாம், அமைதிதான். ஆனால் ஆளே இல்லாத அமைதி இல்லை. சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட வரிசையாக அழைத்து வருவார்கள். அப்படியும் சத்தம் எழும்பாததற்கு நான் கண்ட காரணம், அங்கே நீங்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அர்ச்சனைச் சீட்டு இல்லை, சிறப்பு தரிசனம் இல்லை, "நகருங்க நகருங்க" என்று தள்ளும் ஆள் இல்லை. உள்ளே நுழையக் காசும் இல்லை. பிக்குணிகள் குடியிருக்கும் மடம் அது. முதியோர் பராமரிப்பு, கல்வி என்று அவர்களுக்கு வேலை ஏகப்பட்டது. முன்பக்கத்தை மட்டும் நமக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். மண்டபங்களுக்குள் போட்டோ எடுக்கக் கூடாது, போனை நீட்டினால் காவலர் கத்த மாட்டார், கையை லேசாக ஆட்டுவார், அவ்வளவுதான். போனை உள்ளே வைத்தபின் மனிதர்கள் என்ன செய்வார்கள்? சும்மா நிற்பார்கள். நம் பழைய பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தத்திலிருந்து அகழியைத் தாண்டிக் கோட்டைக்குள் போய் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நின்றால் காது சட்டென்று லேசாகுமே, அந்த மாதிரி.

நுழைந்தவுடன் குளங்கள், தொட்டியில் வளர்த்த குட்டை மரங்கள். தாமரை கோடையில்தான் பூக்கும், மார்ச்சில் எதிர்பார்க்காதீர்கள். அதைத் தாண்டினால் இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரும் நான்கு திசைக் காவலர்களும் இருக்கும் மண்டபம், அதற்கும் பின்னால் பெரிய மண்டபம். சாக்கியமுனி, அதாவது கௌதம புத்தர் நடுவில், இரண்டு பக்கமும் அவருடைய சீடர்கள் காசியபரும் ஆனந்தரும், அவர்களோடு போதிசத்துவர்கள். வாசற்படி உயரமாக இருக்கும். மிதிக்காமல் தாண்ட வேண்டும், இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. ஷூ கம்பெனி ஆளுக்கு இது விசேஷமாகத் தெரியலாம்.

நான் அதிக நேரம் நிற்பது பெரிய மண்டபத்தின் கூரை மூலைக்குக் கீழே. என் தாய்மாமன் தச்சு வேலை செய்தவர், அந்தப் பழக்கம். அந்த மரக்கூட்டில் ஒரு இரும்பு ஆணி கிடையாது. ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி இன்னொன்றில் குடைந்த துளைக்குள் இறக்கியிருக்கிறார்கள். தூணின் தலையில் ஒரு குட்டைக் கட்டை, அதன் மேல் குறுக்காக ஒரு கை, அந்தக் கையின் இரண்டு நுனியிலும் மறுபடி குட்டைக் கட்டை, அதன் மேல் இன்னும் நீளமான கை. இப்படி அடுக்கடுக்காக வெளியே வந்து, சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பைத் தாங்குகிறது. மேலே ஓட்டின் பாரம் அழுத்த அழுத்தப் பொருத்து இறுகும். மழையில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், ஆணி இருந்தால் அந்த இடம்தான் முதலில் பிளக்கும். கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். ஏதோ ஆயிரம் வருஷத்துக் கோயில் என்று நினைத்துவிடாதீர்கள். மடம் 1934-இல் தொடங்கியது, இந்த மரக் கட்டடங்கள் சீனாவின் தாங் அரச வம்சக் காலத்துப் பாணியில் திரும்பக் கட்டி 1998-இல் முடித்தவை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். சதுர அடிக்கு ரத்தம் கேட்கும் ஊரில், நம் காலத்தில், ஒருத்தர் உட்கார்ந்து இதைக் கட்டியிருக்கிறார்.

விளக்கு விஷயம்: அகலும் எண்ணெயும் கட்டிக்கொண்டு போக வேண்டாம். முழுக்க மரம், அவர்களுக்கும் பயம் இருக்கும். வாசலில் கைகூப்பிவிட்டு வந்தால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்.

எதிரே சாலையைத் தாண்ட ஒரு நடைபாலம், அந்தப் பக்கம் 'நான் லியான்' என்ற தோட்டம். 2006-இல் திறந்தார்கள், மூன்றரை ஹெக்டேர். இரண்டு சாலைகளுக்கு நடுவில் இருக்கிறது, ஒரு பக்கம் லுங் சியுங் சாலையில் லாரி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே திசையில்தான் நடக்க வேண்டும், எதிரே ஆள் வந்து மோதுவது இல்லை. நடுக் குளத்தில் பொன்னிற மண்டபமும் இரண்டு சிவப்புப் பாலங்களும் இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கத்தான், பாலத்தில் ஏற விடமாட்டார்கள். எல்லோரும் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு நிற்பதால் மற்ற இடம் காலியாகக் கிடக்கும். அதே தோட்டத்தில் மரக் கட்டடக்கலைக் கூடம் ஒன்று உண்டு. நான் மேலே சொன்ன கட்டை அடுக்குகளின் மாதிரிகளைக் கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறார்கள். முதலில் இதைப் பார்த்துவிட்டு மடத்துக்குப் போனால் கூரை இன்னும் நன்றாகப் புரியும்.

சாப்பாடு: தோட்டத்துக்குள்ளேயே, அருவிக்குப் பின்னால் மடத்தின் சைவ உணவகம். கறி, மீன் பயமில்லை, சீனப் பௌத்தச் சமையலில் வெங்காயம் பூண்டு கூடச் சேர்ப்பதில்லை. காளான், டோஃபு, கீரை. நம் நாக்குக்கு உப்பு உறைப்பு கம்மி, விலை கம்மி இல்லை. பன்னிரண்டுக்கு முன்னால் போய்விடுங்கள். அருவி விழுகிற சத்தத்தில் லாரிச் சத்தம் அமுங்கிவிடும், அந்தக் காசு அதற்கும் சேர்த்து என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மடம் காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை நாலரைக்குச் சாத்திவிடுவார்கள். தோட்டம் காலை ஏழிலிருந்து ராத்திரி ஒன்பது வரை. தனியாகப் போக ஒரு பயமும் வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள், அன்றைக்கு வேறு எந்த இடத்தையும் இதோடு கோக்காதீர்கள். வாங் தை சின் அடுத்த ஸ்டேஷன்தான், ஆசை வரும். அங்கே ஊதுவத்திப் புகையும் குச்சி குலுக்கும் சத்தமும்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் இரண்டாவதுதான் மனசில் நிற்கும்.

ஆற்காடு வாத்தியார்

ஹாங்காங் நான் போனதில்லை. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆம்பூர் தம்பி தாங் காலம் என்றதும் கை சும்மா இருக்கவில்லை.

தாங் ஆட்சி 618 முதல் 907 வரை. யுவான் சுவாங் அந்தக் காலத்துத் துறவிதான். 640 வாக்கில் தெற்கே காஞ்சிபுரம் வரை வந்தார். அங்கே சுமார் நூறு மடங்கள், பத்தாயிரம் பிக்குகள் என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் நாளந்தாவில் பாடம் கேட்டது சீலபத்திரரிடம். அந்தச் சீலபத்திரரின் குரு தர்மபாலர் காஞ்சிக்காரர். நம் வேலூரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போகும் ஊர். பெண்ணே, அந்த மண்டபத்தில் வெளியூர்க்காரி மாதிரி ஒதுங்கி நிற்க வேண்டாம், பழைய சம்பந்தம் இருக்கிறது. காஞ்சி காமாட்சியம்மன் கோயில் பக்கம் கிடைத்த நின்ற புத்தர் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, திரும்பி வந்தபின் அதையும் ஒருமுறை பாருங்கள்.

விஷாரம் பாய்

எல்லாரும் கோயில் தோட்டம் என்று பேசுகிறீர்கள், ஊருக்குள் நுழைகிற வழியை யாரும் சொல்லவில்லையே! இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங் விசா வேண்டாம், ஆனால் கிளம்பும் முன் ஆன்லைனில் முன்பதிவு செய்து அந்தத் தாளை பிரிண்ட் எடுக்க வேண்டும். காசு கிடையாது. 14 நாள் வரை தங்கலாம். கம்பெனி செய்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள் தங்கச்சி, பாஸ்போர்ட் நம்பரை நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள்.

இன்னொன்று. சிம் ஷா சூயில் சுங்கிங் மேன்ஷன் பக்கம் போனால் நம் ஆட்கள், நம் சாப்பாடு. நாதன் ரோட்டில் கவ்லூன் பள்ளிவாசலும் அங்கேதான், ஜும்மாவுக்கு நான் போவது அங்கே. தொழுகை முடிந்து வெளியே வந்தால் தமிழ் கேட்கும். முதலாளி பிரியாணி கேட்டால் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு நீங்கள் உங்கள் மடத்துக்குப் போங்கள்.

பாலாற்றுப் பெண் (வேலூர்)

ஆம்பூர் அண்ணா, ரொம்ப நன்றி. ஆணி இல்லாத கூரையைப் பார்க்கவே போகலாம் போல இருக்கிறது. வாத்தியார் சார், காஞ்சி விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இத்தனைக்கும் சித்தி வீடு அங்கேதான். பாய், முன்பதிவைக் கம்பெனியில் கேட்டேன், "அது அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். நானே இன்று ராத்திரி உட்கார்ந்து செய்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். ஹோட்டலைப் பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டும். பெட்டியும் சாம்பிள் பையும் இருக்கும். அதை என்ன செய்வது?

ஆம்பூர் ஃபினிஷிங்

காலையிலேயே ரூமைக் காலி செய்து ரிசப்ஷனில் பெட்டியைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பிள் பையை முதலாளியின் பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். ஸ்வாட்ச் புத்தகம் கனம் தெரியுமில்லையா, அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் எந்த மடத்திலும் நிம்மதி கிடையாது.

ஆக்டோபஸ் கார்டு ஏர்போர்ட்டிலேயே வாங்கிவிடுங்கள், ரயில், பஸ், கடை எல்லாவற்றுக்கும் ஆகும். கிளம்பும்போது திருப்பிக் கொடுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். டயமண்ட் ஹில்லிலிருந்து இரண்டரைக்குக் கிளம்பினால் பெட்டி எடுத்து ஏர்போர்ட் போகத் தாராளமாக நேரம் இருக்கும்.

காட்பாடி ஜங்ஷன்

சரி சரி, நான்தான் தோற்றேன். அப்படியே அந்தச் சைவ ஹோட்டலில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன விலை என்று வந்து எழுதுங்கள் மேடம். அடுத்த வருஷம் என் மச்சான் போகிறான், அவனும் சைவம்தான், வீட்டில் மட்டும்.