கால்பந்துக் கூட்டம் மட்டும் ஏன் வேற மாதிரி? ஏற்காடு செவன்ஸுக்கு ஆலோசனை வேணும்

ஏற்காடு_லெஃப்ட்விங்:
வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் ரெண்டு நாள் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடற கால்பந்து) டோர்னமென்ட் நடத்துறோம். 16 அணி. மலை ஊர்ல இருந்து 7, மத்ததெல்லாம் சேலம் டவுன், ஆத்தூர், மேட்டூர் பக்கம். பைனலுக்கு 2,000 பேர் வரை வரலாம். மைதானத்துக்கு ஒரு பக்கம் மண் சரிவு, மத்த மூணு பக்கம் சமதளம், கேட் ஒண்ணே ஒண்ணு.

இதே மைதானத்துல கபடியும் டென்னிஸ் பால் கிரிக்கெட்டும் நடக்குது. ஒரு நைலான் கயிறும் பத்து வாலண்டியரும் இருந்தா போதும். கால்பந்துன்னா அது தாங்கறதில்லை. யாரும் உட்காரமாட்டாங்க, கோட்டை ஒட்டி வந்து நிப்பாங்க, எதிர் அணியைப் பாத்து ஒரே குரலா கத்துவாங்க, ஆட்டம் முடிஞ்சும் கலையமாட்டாங்க. வர்றது அதே ஊர் ஜனம்தான். அப்புறம் ஏன் இப்படி? நாங்க எதை மாத்தணும்?

அஸ்தம்பட்டி_ஸ்டாப்பர்:
ஜனத்துல வித்தியாசம் இல்லை, ஆட்டத்தோட அமைப்புல இருக்கு.

கபடியில ஒரு ரெய்டு 30 விநாடி. ரெய்டு முடிஞ்சா பாயிண்ட் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போயிடும், மூச்சு விட்டுக்கலாம். ஏறின கோபம் அடுத்த ரெய்டுல இறங்கிடும். கிரிக்கெட்டுல பந்துக்குப் பந்து இடைவெளி, ஓவருக்கு ஓவர் இடைவெளி. கால்பந்துல அந்த வடிகால் கிடையாது. 2022 கத்தார் உலகக் கோப்பையில 64 ஆட்டத்துக்கு மொத்தம் 172 கோல். ஒரு ஆட்டத்துக்கு மூணுகூட வரலை. கூட்டம் அரைமணி நேரம் அடக்கி வெச்சதெல்லாம் ஒரே நொடியில வெளிய வரும்.

ரெஃப்ரி மேல கோபம் திரும்பறதும் இதனாலதான். கிரிக்கெட்டுல ஒரு எல்பிடபிள்யூ தப்பாப் போனா பத்து விக்கெட்டுல ஒண்ணு போச்சு. கால்பந்துல ஒரு பெனால்டி தப்பாப் போனா ஆட்டமே போச்சு. ஒவ்வொரு விசிலும் தன் வீட்டுத் தீர்ப்பு மாதிரி இருக்கும் பாக்கறவங்களுக்கு.

அடுத்தது சத்தம். ஓவருக்கு நடுவுல மைக் செட்டுல பாட்டு போடலாம். 45 நிமிஷம் நிக்காம ஓடற ஆட்டத்துல அதுக்கு இடமே இல்லை. அதனால சத்தத்தைக் கூட்டமே உண்டாக்கிக்குது. சேர்ந்து பாடணும்னா பக்கத்துல பக்கத்துல நிக்கணும், உட்கார்ந்துட்டு அது வராது. ஜெர்மனியில டார்ட்மண்ட் மைதானத்தோட தெற்கு ஸ்டாண்டுல சுமார் 25,000 பேர் கோல் போஸ்டுக்குப் பின்னால நின்னுக்கிட்டேதான் பாக்கறாங்க. உங்க ஊர்லயும் பாடறவங்க கோலுக்குப் பின்னாலதான் சேருவாங்க, கவனிச்சுப் பாருங்க.

மூணாவதா, பக்கம். நம்ம கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வர்ற கூட்டம் இதைவிடப் பல மடங்கு. ஆனா அங்க எல்லாரும் பாக்கறது ஒரே அம்மனை. தம்மம்பட்டி ஜல்லிக்கட்டுல மாடு ஜெயிச்சாலும் கைதட்டு, பிடிச்சவன் ஜெயிச்சாலும் கைதட்டு. கால்பந்துல பாதிப் பேருக்குச் சந்தோஷம்னா மீதிப் பாதிக்கு அதே நொடியில துக்கம். ரெண்டு பேரும் ஒரே கயித்துக்குப் பின்னால நிக்கறாங்க.

வாழப்பாடி_வாசகன்:
மேலே சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் 'கால்பந்து ரசிகர் என்றாலே கலாட்டா' என்ற முடிவுக்கு யாரும் போய்விட வேண்டாம்.

கொல்கத்தா ஈடன் கார்டன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் கால்பந்து ஆட்டத்தில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். இரு தரப்பையும் கலந்து உட்கார வைத்தது அன்றைய பெரும்பிழை. அதே மைதானத்தில் 1996 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் பாட்டில் வீசி, ஆட்டம் பாதியில் நின்று வெற்றி இலங்கைக்குப் போகக் காரணமானது கிரிக்கெட் கூட்டம். 1999இல் பாகிஸ்தானுடனான டெஸ்ட்டின் கடைசி நாளில் ரசிகர்களை வெளியேற்றிவிட்டுக் காலி கேலரிக்கு முன்னால் ஆடி முடித்தார்கள். ஒரே ஆட்டத்தில் மொத்த நம்பிக்கையும் தொங்கும்போது கிரிக்கெட் கூட்டமும் இப்படித்தான் ஆகிறது.

உயிர்ச்சேதத்தின் கணக்கைப் பார்த்தால் சண்டையைவிடக் கேட்டும் கம்பி வேலியும்தான் அதிகம் கொன்றிருக்கின்றன. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 97 பேர். வெளியே நெரிசல் என்று ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டார்கள். வந்தவர்கள் ஏற்கெனவே நிரம்பிய நடு அடைப்புக்குள் போனார்கள், முன்னால் இரும்பு வேலி. ரசிகர்கள் மேல் குற்றம் இல்லை என்று 2016இல் நீதி விசாரணை சொன்னது. அதற்குள் 27 வருடம் அவர்கள் பழி சுமந்தாயிற்று. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹானில் போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, கூட்டம் குறுகலான வாசல்களுக்கு ஓடியது, 135 பேர் இறந்துபோனார்கள். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபிஃபா விதியே இருக்கிறது.

பந்தோபஸ்து எப்படி நிற்கிறது என்பதும் கூட்டத்தை மாற்றும். 2004 யூரோ போட்டியின்போது போர்ச்சுகல் நகரங்களில் போலீசார் சாதாரணச் சீருடையில் இரண்டிரண்டு பேராக ரசிகர்களோடு பேசிக்கொண்டு நடந்தார்கள். கலவரத் தடுப்புப் படை கண்ணில் படாத இடத்தில் காத்திருந்தது. முரடர்கள் என்று பெயர் வாங்கிய இங்கிலாந்து ரசிகர்கள் அங்கே பெரிய தொல்லை இல்லாமல் இருந்தார்கள். க்ளிஃபர்ட் ஸ்டாட் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பக்கத்தில் இருந்து பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாரையும் ஒரே மாதிரி லத்தியால் தள்ளினால், சும்மா நின்றவனும் முரடனோடு சேர்ந்துகொள்கிறான். உங்கள் வாலண்டியர்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

சூரமங்கலம்_க்ரவுண்ட்ஸ்மேன்:
கணக்குக்கு வரேனுங்க.

ஒரே கேட்டுன்னு சொன்னீங்களே, முதல்ல அதை மாத்துங்க. இங்கிலாந்துல மைதானப் பாதுகாப்புக்கு வெச்சிருக்கற வழிகாட்டியில ஒரு சுழல் கேட்டுக்கு மணிக்கு 660 பேருக்கு மேல கணக்கு வைக்கமாட்டாங்க. கையால டிக்கெட் கிழிச்சா அதுவும் வராது, 400ன்னு வெச்சுக்கங்க. 2,000 பேரை ஒரு மணி நேரத்துல உள்ள விட அஞ்சு வரிசை வேணும். வெளிய போறதுக்குச் சமதளத்துல ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு 82 பேர், படியில 66. எட்டு நிமிஷத்துல காலி பண்ணணும்னா நிமிஷத்துக்கு 250 பேர் போகணும், அதுக்கு மூணு மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே அகலம் தேவை. ஒரு வழி அடைச்சாலும் இன்னொண்ணு தாங்கற மாதிரி, எதிரெதிர்ப் பக்கத்துல மூணரை மீட்டர்ல ரெண்டு வழி விடுங்க. ஆட்டம் முடிய பத்து நிமிஷம் முன்னாடியே ரெண்டையும் திறந்து, ஆளை நிறுத்திடணும். அந்த வழி வாசல்ல டூவீலரும் வேண்டாம், பஜ்ஜிக் கடையும் வேண்டாம்.

நிக்கற இடத்துல சதுர மீட்டருக்கு நாலு பேருக்கு மேல விடாதீங்க. அஞ்சைத் தாண்டினா நகர முடியாது. ஏழு வந்துட்டா யாரும் தள்ளாமலே கூட்டம் அலை மாதிரி ஆடும், விழுந்தவன் எழ முடியாது. சரிவுல இன்னும் மோசம். மலையில திடீர்னு தூறல் வந்தா மண் வழுக்கும், மேல நிக்கறவங்க பாரமெல்லாம் கீழ இறங்கும். சரிவுக்கு நடுவுல ரெண்டு இடத்துல மேலிருந்து கீழ் வரை ஒன்றரை மீட்டர் நடைபாதை விட்டுடுங்க, அதுல யாரையும் நிக்க விடாதீங்க.

சவுக்குக் கட்டையில தற்காலிக கேலரி கட்டவே வேண்டாமுங்க. மலப்புறம் மாவட்டத்துல 2022 மார்ச்சுல செவன்ஸ் ஆட்டத்துக்குக் கட்டின கேலரி சரிஞ்சு நூறு பேருக்கு மேல காயம். கோல் விழுந்தா எல்லாரும் ஒரே நேரத்துல குதிப்பாங்க. சும்மா உட்கார்ற பாரத்துக்குக் கட்டின கட்டு அதைத் தாங்காது.

கயிறு கோட்டுல இருந்து மூணு மீட்டர் தள்ளி, கோலுக்குப் பின்னால அஞ்சு மீட்டர். இடுப்பு உயரம் போதும். நெரிஞ்சா ஜனம் உள்ள தப்பிச்சு வர வழி வேணும், அதனால முள்கம்பி ஆகவே ஆகாது. மலை ஊர் ஆளுங்க ஒரு பக்கம், டவுன் ஆளுங்க எதிர்ப் பக்கம், அவங்கவங்க பக்கத்துலயே ஒரு வழி. இறங்கும்போதும் ஒண்ணா விடாதீங்க, ஒண்டிக்கடை ஜங்ஷன்ல வேன் எல்லாம் முட்டி நிக்கும். ஒரு தரப்பைக் கால் மணி நேரம் முன்னாடி அனுப்பிட்டு, அந்த நேரத்துல மத்தவங்களுக்குப் பரிசளிப்பு நடத்துங்க.

ஏற்காடு_லெஃப்ட்விங்:
ரொம்ப நன்றிங்கண்ணா. ரெண்டாவது வழிக்குப் பின்பக்க வேலியைப் பிரிக்க அனுமதி கேக்கறோம். பம்பை, பறை எல்லாம் கொண்டு வருவாங்க. தடுக்கணுமா?

அஸ்தம்பட்டி_ஸ்டாப்பர்:
தடுக்காதீங்க, அதுதான் கால்பந்துக்கு உயிர். கோலுக்குப் பின்னால மட்டும் வேண்டாம், கோல்கீப்பருக்கு டிஃபெண்டர் குரல் கேக்காது. அவங்கவங்க பக்கத்துல நடுக்கோட்டுக்கு நேரா, கயித்துல இருந்து பத்து மீட்டர் பின்னால நிறுத்துங்க. விசிலை மட்டும் கேட்டுலயே வாங்கி வெச்சுடுங்க. கூட்டத்துல ஒருத்தன் ஊதி ஆட்டம் குழம்பினா, ரெஃப்ரி நிறுத்திட்டு டிராப் பால் (ரெஃப்ரி பந்தைக் கீழ விட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கறது) போடணும்ங்கறது விதி. அங்கதான் சண்டை ஆரம்பிக்கும்.

சூரமங்கலம்_க்ரவுண்ட்ஸ்மேன்:
ஒண்ணு விட்டுப்போச்சுங்க. டைபிரேக்கர், அதாவது ஸ்கோர் சமமா முடிஞ்சா ஒரே கோல்ல மாறி மாறி பெனால்டி அடிக்கறது. 2,000 பேரும் ஒரே கோலுக்குப் பின்னால ஓடுவாங்க, உங்க கணக்கெல்லாம் அங்க உடையும். எந்தக் கோல்னு சாதாரணமா டாஸ்தான் போடுவாங்க, ஆனா பாதுகாப்புக் காரணம் இருந்தா ரெஃப்ரியே தேர்ந்தெடுக்க விதி இடம் தருது. சரிவுக்குத் தள்ளி, சமதளத்துல இருக்கற கோலை வைக்கச் சொல்லி ரெஃப்ரிகிட்ட முன்கூட்டியே கேட்டுக்கங்க. ரெண்டு கேப்டனுக்கும் காலையிலயே சொல்லிடுங்க, மைக்குலயும் அறிவிங்க. கடைசி அஞ்சு நிமிஷத்துல ஸ்கோர் சமமா இருந்தா, ஆறு வாலண்டியர் விசில் அடிக்கறதுக்கு முன்னாடியே அந்தக் கோலுக்குப் பின்னால போய்க் கயிறு பிடிச்சு நிக்கணும்.