‘ஆளில்லா ரயில்’ சரியான சொல்லா?

குன்னூரிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம்.

புறநகர் ரயில், மெட்ரோ ரயில் சொற்பட்டியலில் பாதிக்கு மேல் முடித்துவிட்டோம். ஓரிடத்தில் மட்டும் முட்டி நிற்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கு வேலையே இல்லாத வண்டியைச் செய்தித்தாள்கள் ‘ஓட்டுநர் இல்லா ரயில்’ என்றும் ‘ஆளில்லா ரயில்’ என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அதில் ஓடப்போவது இவ்வகை 3 பெட்டி வண்டிகள். சொல் ஊரெங்கும் பரவுவதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

‘ஆளில்லா’ எனக்கு உடன்பாடில்லை. ஆளில்லா லெவல் கிராசிங் என்றால் அங்கே கேட்கீப்பர் இல்லை. ஆளில்லா விமானம் என்றால் உள்ளே ஒருவருமே இல்லை. ஆளில்லா ரயில் என்று சொன்னால் நம் காதில் காலி வண்டி என்றுதான் விழும். காலை எட்டரை மணிக்கு நிற்க இடமில்லாமல் வரும் வண்டிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

‘ஓட்டுநர் இல்லா’ என்பதில் வேறொரு குறை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 62290 தரநிலை ரயில் தானியக்கத்தை 0 முதல் 4 வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. 0 என்பது கண்ணால் பார்த்து ஓட்டுவது, டிராம் போல. 1-இல் ஓட்டுநர் ஓட்டுகிறார், வேகம் மீறினால் கருவி பிரேக் போடுகிறது. 2-இல் ஓடுவதும் நிற்பதும் கருவியின் வேலை. கதவை மூடிக் கிளப்புவது ஓட்டுநர். லண்டன் விக்டோரியா தடம் 1968-இலிருந்தே இப்படி. 3-இல் முகப்பு அறையில் யாரும் இல்லை, ஆனால் வண்டிக்குள் ஒரு பணியாளர் உண்டு. 4-இல் வண்டியில் பணியாளரே இல்லை. 3, 4 இரண்டிலும் ஓட்டுநர் கிடையாது. சம்பளச் செலவிலோ இரண்டும் இரு துருவங்கள்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. 10 வண்டி, நாளுக்கு 16 மணி நேரம் என்றால் 160 வண்டி-மணி. எட்டு மணி ஷிஃப்டில் தயார்நிலைச் சோதனை, ஓய்வு, நடை எல்லாம் போக ஒருவர் வண்டியில் இருப்பது 5 மணி என்று கொள்வோம். நாளுக்கு 32 ஷிஃப்ட், வாரத்துக்கு 224. விடுப்பும் பயிற்சியும் கழித்தால் ஒருவர் வாரத்துக்குச் சராசரியாக 5 ஷிஃப்ட் பார்ப்பார். ஆக 45 பேர் வேண்டும். கார்டும் உண்டென்றால் 90. மூன்றாம் படியிலும் வண்டிக்கு ஓர் ஆள் உண்டு, அதனால் அதே 45 பேர். பயிற்சிக் காலம் குறையும், சம்பள விகிதம் மாறலாம், தலைக்கணக்கு குறையாது. ‘ஓட்டுநர் இல்லா’ என்ற சொல்லைக் கேட்டவுடன் 45 பேர் மிச்சம் என்று நினைப்பவர் மூன்றாம் படியில் ஏமாந்துபோவார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த ஐந்து பிரிவுகளையும் ‘தரம் 1’, ‘தரம் 4’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டவே வேண்டாம். நான்காம் தரம் உயர்ந்த சேவை என்ற பொருள் தானாக ஒட்டிக்கொள்ளும். ‘தானியக்கப் படி’ என்று வைக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து:

‘படி’ சரி. ‘தரம்’ என்ற சொல்லைச் சேவைத் தரத்துக்கே விட்டுவிடுவோம், அதைப் பற்றித் தனியாகப் பேச நிறைய இருக்கிறது.

> ஓட்டுநர் இல்லா என்பதில் வேறொரு குறை

குறையின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது, ஐயா. அந்தச் சொல் ‘ஓட்டுதல்’தான் முக்கிய வேலை என்று எண்ணவைக்கிறது. நகர ரயிலில் முதலில் கருவியிடம் போன வேலையே அதுதான். கைமாறக் கடினமானவை மற்றவை: மேடை விளிம்பைப் பார்ப்பது, கதவை மூடுவது, கிளம்பலாம் என்று தீர்மானிப்பது, பழுதை ஒதுக்குவது, ஆபத்தில் மக்களை இறக்கிக் கூட்டிப்போவது.

சென்னைப் புறநகர் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் மோட்டார்மேன், பின்னால் கார்டு (2022 ஜனவரியிலிருந்து பதவியின் பெயர் ரயில் மேலாளர்). மோட்டார்மேன் கையை எடுத்தால் டெட்மேன் பிடி பிரேக்கைப் போட்டுவிடும், அங்கே கருவிக் காவல் உண்டு. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் கதவு திறந்தபடியே ஓடுகிறது. எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று கருவிக்குச் சொல்ல வழியே இல்லாத வண்டியில் கார்டின் கண்ணைத் தவிர வேறு சாட்சி கிடையாது. 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்துக்கு வந்த குளிர்சாதன வண்டியில்தான் தானியங்கிக் கதவு வந்தது. கார்டு வேண்டுமா வேண்டாமா என்று சம்பளப் பட்டியலை வைத்துக்கொண்டு வாதாடுவோர் முதலில் கதவைப் பார்க்க வேண்டும்.

ஒருவரே ஓட்டிக் கதவையும் மூடும் முறைக்கு ‘ஓராள் ஓட்டம்’ என்று முன்மொழிகிறேன். ஜப்பானில் இதையே ‘வான்மன்’ என்பார்கள். கடன் வாங்கிய சொல்தான், ஆனால் அங்கே சிறு கிளைத்தடங்களில் தொடங்கிப் பெரிய நகரத் தடங்கள் வரைக்கும் ஊன்றிவிட்டது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்–லண்டன் தடத்தில் இது 1983-இல் வந்தது, அதற்கு முந்தைய ஆண்டு பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஓராள் ஓட்டத்துக்கு எதிரான இரு பணியாளர் முறை ‘ஈராள் ஓட்டம்’. நியூயார்க் சுரங்க ரயில் பெரும்பாலும் இன்றும் ஈராள்தான்: வண்டியின் நடுவிலிருக்கும் கண்டக்டர் மேடைக்கு மேலுள்ள கருப்பு வெள்ளைப் பலகையை விரலால் சுட்டிக்காட்டிய பிறகே கதவைத் திறப்பார். வண்டி சரியான இடத்தில்தான் நிற்கிறது என்பதற்கு அந்த விரல்தான் உறுதி.

ஓராள் ஓட்டத்துக்கு வேண்டியவை: எல்லாக் கதவும் பூட்டினால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும் இணைப்பு, மேடையின் படத்தை ஓட்டுநர் முன் காட்டும் கேமரா, கட்டுப்பாட்டு அறையோடு நேரடி ரேடியோ, துல்லியமான நிறுத்தக் குறி. தவறு நேர்வதும் இங்கேதான். வளைந்த மேடையில் ஒரு கேமராவின் பார்வை முடியுமிடத்துக்கும் அடுத்தது தொடங்குமிடத்துக்கும் நடுவே ஒரு கதவு மறைந்துபோகும். மாலை வெயில் லென்சில் நேராக அடித்தால் திரை வெளுத்துவிடும். மெல்லிய துணி, பைவார் போன்றவை கதவு ரப்பருக்கு நடுவே சிக்கினால் உணரி ‘மூடிவிட்டது’ என்றே சொல்லும்.

செலவில் இன்னொரு கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 12 பெட்டி வண்டியின் நீளம் ஏறக்குறைய 250 மீட்டர். கடைசி நிலையத்தில் ஓட்டுநர் மறுமுனைக்கு நெரிசலில் நடக்க நாலு நிமிடம் ஆகும். இந்த முனையை அணைத்து அந்த முனையை உயிர்ப்பிக்க மேலும் ஓரிரு நிமிடம். 3 நிமிட இடைவெளியில் வண்டி விட வேண்டுமானால் மறுமுனையில் இன்னொரு ஓட்டுநர் முன்கூட்டியே நின்றிருக்க வேண்டும், அதற்குத் தனி ஷிஃப்ட். நான்காம் படியில் இந்த நடை இல்லை.

கேத்தியிலிருந்து:

வணக்கம். ஈராள், ஓராள் இரண்டும் அருமை, அம்மா. சொன்னவுடன் விளங்குகிறது. ஏன் என்று பாருங்கள்: யார் இருக்கிறார் என்று சொல்கின்றன. ‘ஓட்டுநர் இல்லா’ என்பது யார் இல்லை என்று சொல்கிறது. மூன்றாம், நான்காம் படிக்கும் யார் இருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று சொல்லும் சொல்லையே தேடுவோம்.

நம் மலை ரயிலே இதற்குப் பாடம். கல்லாறு முதல் குன்னூர் வரை 12-க்கு 1 ஏற்றத்தில் பல்சக்கரப் பாதை. அங்கே இன்ஜின் கீழ்முனையிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பு மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் பார்த்துக் கொடி காட்ட, அதைக் கொண்டுதான் வண்டி நகர்கிறது. பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன். பார்ப்பவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர், நிறுத்துபவர் பலர். குன்னூர் வரை பாதை திறந்தது 1899-இல். ‘ஓட்டுநர்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்துவைக்கும் வேலைகள் அன்றைக்கே தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. நகர மெட்ரோவில் அதே வேலைகளைக் கருவிக்கும் ஆளுக்கும் வேறு விதமாகப் பங்குபோடுகிறார்கள்.

‘துணை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வழித்துணை நமக்குப் பழைய சொல். வண்டியோடு கூடவே பணியாளர் வரும் மூன்றாம் படி ‘உடன்துணை ஓட்டம்’. லண்டன் டாக்லேண்ட்ஸ் ரயிலில் 1987 முதல் இதுதான் நடக்கிறது: பணியாளர் ஏதாவதொரு கதவருகில் உள்ள பலகையிலிருந்து கதவை மூடுகிறார், டிக்கெட் பார்க்கிறார், தேவைப்பட்டால் முகப்புப் பலகையைத் திறந்து தாமே ஓட்டுகிறார். பணியாளர் கட்டுப்பாட்டு அறையிலும் நிலையங்களிலும் இருக்கும் நான்காம் படி ‘தொலைத்துணை ஓட்டம்’. கோபே 1981, லீல் 1983, பாரிஸின் 14-ஆம் தடம் 1998 எல்லாம் இந்தப் பிரிவு.

‘இயக்கம்’ என்று முடிக்காததற்கும் காரணம் உண்டு. ‘தானியக்கம்’ என்பதிலேயே இயக்கம் இருப்பதால் ‘தானியக்க இயக்கம்’ என்று வந்து இடிக்கும். ஓட்டம் ‘ஓடு’ என்ற தன்வினையில் பிறந்தது. எவரும் ஓட்டாவிட்டாலும் வண்டிக்கு ஓட்டம் உண்டு.

உதகையிலிருந்து:

உடன்துணைக்கு முழு ஒப்புதல். தொலைத்துணைக்கு மறுப்பு.

தமிழில் துணை என்றால் பக்கத்தில் இருப்பவர். இரவு பத்து மணிக்கு வண்டியில் தனியாக வரும் பெண்ணுக்கும், பார்வையற்றவருக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்தச் சொல் ஓர் உறுதிமொழி. எட்டு கிலோமீட்டர் தள்ளித் திரைமுன் உட்கார்ந்திருப்பவரைத் துணை என்று எழுதினால், இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறோம்.

பழுதாகும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது வெறும் சொற்சண்டை இல்லை என்று தெரியும். நகர ரயிலில் அடிக்கடி மக்கர் செய்வது கதவு. பணியாளர் உள்ளே இருந்தால் அந்தப் பெட்டிக்குப் போய், சாவி போட்டுக் கதவைப் பூட்டி ஒதுக்கி, அறிவிப்பு ஒட்டி, இரண்டு மூன்று நிமிடத்தில் வண்டியைக் கிளப்பிவிடுவார். நான்காம் படியில் கட்டுப்பாட்டு அறை முதலில் தொலைவிலிருந்தே கதவை மறுபடி திறந்து மூடிப் பார்க்கும். அதற்கும் மசியாவிட்டால் ஆள் போக வேண்டும். இரண்டு நிலையத்துக்கு ஓர் ஆள், நிலைய இடைவெளி ஒரு கிலோமீட்டர் என்றால், பாதையில் நடக்க அனுமதி வாங்கி அவர் போய்ச் சேர 10 முதல் 15 நிமிடம். 3 நிமிட இடைவெளித் தடத்தில் அதற்குள் பின்னால் நாலைந்து வண்டி தேங்கிவிடும். காலை நெரிசலில் அது சீராக ஒரு மணி நேரம் பிடிக்கும்.

அதற்குப் பதிலாக ‘தொலைக்கட்டுப்பாட்டு ஓட்டம்’ என்று வைத்தால் என்ன?

கோத்தகிரியிலிருந்து:

அது தவறான படத்தைத் தரும், ஐயா. தொலைவிலிருந்து ஒருவர் பிடியைப் பிடித்து ஓட்டுவதுபோல் ஆகிவிடும். நான்காம் படியில் வேகத்தையும் நிறுத்தத்தையும் வண்டிக் கணினியும் பாதையோரக் கணினியும் தீர்மானிக்கின்றன. அறையில் இருப்பவர் கண்காணிக்கிறார், பயணியின் அழைப்புக்குப் பதில் சொல்கிறார், தடங்கலில் தலையிடுகிறார்.

நீங்கள் சொன்ன 15 நிமிடம் உண்மை. மறுபக்கத்தையும் வையுங்கள். முன் கணக்கில் வந்த அதே 10 வண்டித் தடத்தில் 20 நிலையம் என்றால், இரண்டுக்கு ஒருவர், நாளுக்கு இரண்டு ஷிஃப்ட்: வாரம் 140 ஷிஃப்ட், அதாவது 28 பேர். கட்டுப்பாட்டு அறைக்கும், மேடை விளிம்பில் பொருத்தும் மேடைக் கதவுகளின் பராமரிப்புக்கும் ஆள் கூடும், அதனால் 45-உடன் ஒப்பிட்டால் மிச்சம் சிறிது. வேறுபாடு தெரிவது வண்டியை 20 ஆக்கும்போது. ஓராள் ஓட்டத்திலும் உடன்துணையிலும் 45 பேர் 90 ஆவார்கள். நிலையப் பணியாளர் 28-லேயே நிற்கும். 6 நிமிடத்துக்கு ஒரு 6 பெட்டி வண்டிக்குப் பதிலாக 3 நிமிடத்துக்கு ஒரு 3 பெட்டி வண்டி விடலாம்: இருக்கை எண்ணிக்கை அதே, சராசரிக் காத்திருப்பு 3 நிமிடத்திலிருந்து ஒன்றரையாகக் குறையும். மதியமும் இரவும் ஆள் செலவுக்குப் பயந்து வண்டியைக் குறைக்க வேண்டியதில்லை. இரவில் தனியாக மேடையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஒன்றரை நிமிடமும் பாதுகாப்புதான்.

ஆட்குறைப்புக்காக மட்டும் நான்காம் படிக்குப் போய், நிலையத்திலும் ஆளை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். பாரிஸ் முதலாம் தடம் 1900-இல் திறந்தது. அதை 2012 முடிவதற்குள் ஓட்டுநரில்லாமல் மாற்றினார்கள். மேடைக் கதவுகளை முதலில் பொருத்தினார்கள், ஓட்டுநர்களை மற்ற வேலைகளுக்கு மாற்றினார்கள். டெல்லி மெஜந்தா தடத்தில் ஓட்டுநரில்லா ஓட்டம் 2020 டிசம்பரில் தொடங்கியபோதும் தொடக்கத்தில் வண்டிக்குள் பணியாளரை வைத்தே ஓட்டினார்கள். நம் சொல்லில் சொன்னால், கருவி நான்காம் படி, ஓட்டம் உடன்துணை. இந்த இடைநிலையைச் சொல்ல இவ்விரு சொல்லும் இருந்தால்தான் முடியும்.

குன்னூரிலிருந்து:

உதகை நண்பரின் மறுப்பை வரையறைக்குள்ளேயே கொண்டுவருகிறேன். பட்டியலில் இப்படிப் பதியலாம்:

தானியக்கப் படி: ரயில் ஓட்டத்தில் எந்தெந்த வேலை கருவியிடம், எது பணியாளரிடம் என்று காட்டும் 0 முதல் 4 வரையான பிரிவு. ‘தரம்’ என்று எழுதக் கூடாது.

ஈராள் ஓட்டம்: ஓட்டுநரும் கார்டும் உள்ள வண்டி.

ஓராள் ஓட்டம்: ஓட்டுநரே கதவையும் பார்த்துக்கொள்வது. படி 1 அல்லது 2.

உடன்துணை ஓட்டம்: ஓட்டுநர் இல்லை, வண்டிக்குள் பணியாளர் உண்டு. படி 3. படி 4-க்குரிய வண்டியில் பணியாளரை வைத்து ஓட்டினாலும் இதே பெயர்.

தொலைத்துணை ஓட்டம்: வண்டியில் பணியாளர் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் அழைப்புப் பொத்தானும் கேமராவும், தடத்தில் குறித்த நேரத்துக்குள் வந்து சேரும் நிலையப் பணியாளரும் இருந்தால் மட்டுமே இந்தச் சொல். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ‘துணையிலா ஓட்டம்’ என்றே எழுத வேண்டும். பயணிகளுக்கான அறிவிப்பில் கலைச்சொல்லைத் தவிர்த்து, ‘இந்த வண்டியில் பணியாளர் எவரும் இல்லை, உதவிக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தவும்’ என்று நேராக எழுதுவது.

உதகையிலிருந்து:

‘துணையிலா ஓட்டம்’ சேர்ந்ததால் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். ‘குறித்த நேரத்துக்குள்’ என்ற இடத்தில் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். எண் இல்லாவிட்டால் அந்த நிபந்தனை நிற்காது. 10 என்று போடலாம் என்பது என் கருத்து.