துண்டுல பார்டர் தைச்சேன், ஒரே துவைப்புல சுருங்கிட்டு. அவசரம்!

ரதவீதி_ராட்டை (திங்கள், இரவு 9:12)
எல்லாருக்கும் வணக்கம். பாத்ரூம்ல அழகுக்குத் தொங்கவிடுற மாதிரி ஆறு துண்டு தைச்சேன். கீழ்ப்பக்கம் பூப்போட்ட துணிப் பட்டை, அதுக்கு மேல லேஸ். தைச்சு முடிச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு தடவை துவைச்சுக் காயப்போட்டா பட்டை இருக்குற பக்கமெல்லாம் பொரிச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சுட்டு. இஸ்திரி போட்டும் நிக்கல. நடுவுல தையல் விட்டு விட்டு வேற விழுந்திருக்கு. வெள்ளிக்கிழமை ஒரு பால்காய்ப்புக்குக் கொடுக்கணும். சீக்கிரம் சொல்லுங்க.

ஊசிமுனை (9:20)
என்ன மெஷின், என்ன துண்டு, என்ன துணி? மூணுல ஒண்ணாவது சொல்லுங்க.

கருப்புமெஷின் (9:24)
டென்ஷன்தான், வேற ஒண்ணும் இல்ல. மேல்நூல் இறுக்கமா இருந்தா தையல் துணியை இழுத்துப் பிடிக்கும், சுருக்கம் விழும். டென்ஷன் திருகை அரைச் சுத்து தளத்திட்டு ஒரு துண்டுத் துணியில தைச்சுப் பாருங்க. அடிநூல் இருக்குற பாபின் கேஸ் திருகைத் தொடாதீங்க.

அம்பை_மதினி (9:31)
தைக்கதுக்கு முன்னால துண்டை நனைச்சியளா? பட்டைத் துணியை நனைச்சியளா? அதைச் சொல்லாம எதைச் சொல்ல?

கத்தரி40 (9:38)
மாசத்துக்கு ஒரு தடவை இதே கேள்வி. நனைக்காத துணியை நனைச்ச துணிமேல தைக்கக் கூடாதுன்னு இங்கயே பத்து பழைய பதிவு கிடக்கு. தேடிப் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகாது. தையல்ங்கறது மெஷின்ல ஆரம்பிக்கல, வாளியில ஆரம்பிக்குது. இது தெரியாம லேஸ் வாங்கக் கிளம்பிருதாங்க.

ரதவீதி_ராட்டை (9:50)
மன்னிச்சுக்கோங்க, அவசரத்துல விட்டுட்டேன். கால் மெஷின், கருப்பு. தேங்காய்ப்பூ துண்டு (நூல் சுருள் பூ மாதிரி நிக்குமே, டர்க்கி டவல்), வெள்ளை, சின்ன சைஸ், கை துடைக்கிறது. பட்டை காட்டன் பிட்டு, சிவப்புல பூ. ஊசி எப்பவும் ஜாக்கெட்டுக்குப் போடுறதுதான்.

அம்பை_மதினி (9:53)
கேட்டதுக்கு மட்டும் பதில் இல்ல. நனைச்சியளா இல்லையா?

ஊசிமுனை (9:58)
இன்னொண்ணும் பார்த்துச் சொல்லுங்க. துண்டை மேசையில விரிச்சு வைங்க. நெளியிறது பட்டையா, துண்டா? பட்டை பொங்கி நின்னா துண்டு சுருங்கியிருக்கு. பட்டை தட்டையா இருந்து, துண்டு அதுக்குப் பின்னால கொசுவமா மடிஞ்சா பட்டை சுருங்கியிருக்கு. வைத்தியம் ரெண்டுக்கும் வேற வேற.

ரதவீதி_ராட்டை (10:15)
பட்டை தட்டையாத்தான் இருக்கு. துண்டுதான் கொசுவம். லேஸும் நெளியுது. துண்டு ஏற்கனவே நாலஞ்சு தடவை துவைச்சது. பட்டை புதுசு, நனைக்கல.

ஊசிமுனை (10:41)
அப்ப விஷயம் தெளிவாயிட்டு. லேஸ் பாலியெஸ்டர், அது சுருங்காது. துண்டு நாலு துவைப்புலயே சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியாச்சு. மிச்சம் இருந்தது பட்டை ஒண்ணுதான். 40 செ.மீ. அகலத் துண்டுன்னு வைங்க. பட்டை நூத்துக்கு அஞ்சு சுருங்கினா 38 ஆயிரும். 40 செ.மீ. துண்டு அந்த 38க்குள்ள நிக்கணும், மிஞ்சின 2 செ.மீ. எங்க போகும்? அதுதான் கொசுவம். இஸ்திரிக்கு இது அடங்காது, பிரிச்சே ஆகணும்.

பிரிக்கையில துண்டுப் பக்கமா வெட்டாதீங்க. நூல் தேங்காய்ப்பூவுக்குள்ள புதைஞ்சு கிடக்கும், அதைத் தேடிப்போய் சுருளையும் சேர்த்து வெட்டிருவீங்க. பட்டைப் பக்கம் மேல்நூலை நாலு தையலுக்கு ஒண்ணா வெட்டிட்டு, திருப்பிப் போட்டு பாபின் நூலை இழுத்தா முழுசா உருவிட்டு வரும். ஏதாவது சுருள் நீட்டிக்கிட்டு வந்தா இழுக்காதீங்க, மத்த பூவோட மட்டத்துக்குக் கத்தரிச்சு விடுங்க. அடி நெசவு பிடிச்சிருக்கும், பிரிஞ்சு ஓடாது.

இப்ப ஒரு வில்லங்கம். பிரிச்ச பட்டையைத் திரும்பத் தைக்க முடியாது. 42 வெட்டியிருந்தா இப்ப 40 கூட இருக்காது, ரெண்டு முனையிலயும் மடிக்கத் துணி பத்தாது. அதனால புதுத் துணி வாங்கிருங்க. 110 செ.மீ. பன்னாவுல (துணியோட அகலம்) அரை மீட்டர் போதும். முதல்ல முழுசா நனைச்சுத் துவைச்சுக் காயவச்சு இஸ்திரி போட்டுட்டு அப்புறம் வெட்டுங்க. குறுக்குல 42 நீளத்துக்கு ரெண்டு பட்டை விழும், 9 செ.மீ. உயரத்துல மூணு வரிசை போட்டா ஆறு பட்டை. மேலயும் கீழயும் ஒவ்வொரு செ.மீ. மடிச்சா 7 செ.மீ. பட்டை நிக்கும்.

கருப்புமெஷின் (10:50)
டென்ஷனும் பார்க்கணும்னுதான் சொல்லுதேன்.

ஊசிமுனை (10:54)
டென்ஷன் கோளாறுன்னா மெஷினை விட்டு எடுக்கும்போதே சுருக்கம் தெரிஞ்சிருக்கும். இங்க தைச்சப்ப நல்லா இருந்து, துவைச்ச பிறகு வந்திருக்கு. தண்ணி பட்ட பிறகு வர்ற சுருக்கம் துணியோடது, திருகோடது இல்ல.

அம்பை_மதினி (11:05)
தையல் விட்டுப் போறதுக்குக் காரணம் ஊசி. ஜாக்கெட் ஊசி பதினொண்ணு, பன்னெண்டுலாம் இதுக்கு ஆகாது. 16 போடுங்க, புதுசு. மழுங்கின ஊசி பூவுல மாட்டி இழுக்கும். தட்டைப் பக்கம் முன்னால எந்தத் திசையில இருந்துச்சோ அதே திசையில, மேல முட்டுற வரை ஏத்தி முடுக்குங்க. தையல் நீளம் 3 மி.மீ., இஞ்சுக்கு எட்டு வந்தாப் போதும். மெஷின் மேல இருக்குற பிரஷர் திருகைக் கொஞ்சம் தளத்துங்க, இல்லன்னா துணியைப் பிடிக்கிற மெஷின் கால், துண்டை அமுக்கி முன்னால தள்ளிக்கிட்டே போகும்.

அந்த மெஷின் காலோட விரல் பூவுல மாட்டுதுன்னா பட்டர் பேப்பரை ஒரு இஞ்சு அகலத்துக்குக் கிழிச்சு மேல வச்சுத் தைங்க. தைச்ச பிறகு கிழிச்சா வந்திரும். தேங்காய்ப்பூ துண்டு பஞ்சாக் கொட்டும், ஒரு துண்டு முடிஞ்சதும் துணியை நகத்துற பல்லுக்கு அடியிலயும், பாபின் உட்கார்ற ஷட்டில்லயும் பிரஷ் போட்டுத் தட்டிருங்க. அடைஞ்ச பஞ்சாலயும் தையல் விடும்.

பட்டையோட மேல் ஓரம், கீழ் ஓரம் ரெண்டையும் ஒரே முனையிலேர்ந்து தைங்க. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னு தைச்சா பட்டை கோணலா இழுபடும். குண்டூசி ரெண்டு இஞ்சுக்கு ஒண்ணு. இல்ல, கையால ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டா இன்னும் உத்தமம்.

ரதவீதி_ராட்டை (செவ்வாய், காலை 7:02)
ரொம்ப நன்றி. இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். ஒரு துண்டுல பட்டைக்குக் கீழ லேசா ரோஸ் கலர் ஏறியிருக்கு.

கத்தரி40 (7:10)
முக்கியமானதை எல்லாம் மறுநாள் காலையிலதான் சொல்லுவாங்க.

வாய்க்கால்கரை (7:22)
சாயம் போகுதுன்னா ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊற வைங்க. வினிகர் இருந்தா ரெண்டு மூடி. சாயம் அப்படியே கெட்டிப்படும்.

தறிநாடா (7:45)
கெட்டிப்படாது அண்ணாச்சி. உப்பு வேலை செய்யுறது சாயத் தொட்டியில. தண்ணியில மிதக்குற சாயத்தை நூல்பக்கம் தள்ளுறதுக்குத்தான் உப்பு. காட்டனுக்கு ரியாக்டிவ் சாயம்னா நூலோட பிடிக்க வைக்கிறது சலவைச் சோடா, உப்பு இல்ல. வினிகர் பட்டு, கம்பளிக்குப் போடுற அமிலச் சாயத்துக்கு. காட்டனுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல. கடையில வாங்கின துணியில சாயம் போகுதுன்னா, பிடிக்காம மிஞ்சின சாயத்தை அலசாம விட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதை வெளியேத்தணுமே தவிர உள்ள பூட்டப் பார்க்கக் கூடாது. கை பொறுக்கிற சூட்டுக்கு மேல வெந்நி வச்சு, கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு, தண்ணி தெளியிற வரை மாத்தி மாத்தி அலசுங்க.

வாய்க்கால்கரை (7:51)
எங்க வீட்டுல காலங்காலமா உப்புதான். புதுச் சுங்குடி வந்தா முதல் தண்ணி உப்புத் தண்ணி.

தறிநாடா (7:58)
உப்புத் தண்ணியில சாயம் கரையிறது குறையும், அதனால வாளியில நிறம் தெரியாது. அடுத்த தடவை வெறும் தண்ணியில போட்டா திரும்பக் கிளம்பும். நிறுத்திட்ட மாதிரி ஒரு தோற்றம், அவ்வளவுதான்.

வாய்க்கால்கரை (8:03)
அப்ப படிகாரம்?

தறிநாடா (8:11)
அது மஞ்சிட்டி, கடுக்காய் மாதிரி இயற்கைச் சாயத்துக்கு, அதுவும் சாயம் ஏத்துறதுக்கு முன்னால. முடிஞ்ச துணிக்கு மேல போட்டு என்ன செய்ய? தைக்கிறதுக்கு முன்னால இதைச் செஞ்சு பாருங்க: புதுத் துணியோட ஒரு மூலையை நனைச்சு, வெள்ளை வேட்டித் துண்டுமேல வச்சு, சூடா இஸ்திரிப் பெட்டியை ஒரு நிமிஷம் அமுக்குங்க. வெள்ளையில செவப்பு ஏறினா அந்தத் துணி வெள்ளைத் துண்டுக்கு ஆகாது. ரோஸ் ஏறின துண்டை இனிமே வெயில்லயோ இஸ்திரியிலயோ காட்டாதீங்க. ஈரமாவே வச்சு வெந்நியும் சோப்பும் போட்டு ரெண்டு மூணு தடவை ஊற வைங்க, முக்கால்வாசி போயிரும்.

திசையன்விளை_உப்பு (8:30)
போர் தண்ணின்னா அதையும் கணக்குல எடுக்கணும். உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காது, அலசினாலும் படிவு நிக்கும், துண்டு அட்டை மாதிரி விறைக்கும். லேஸ்ல ஜரிகை இருந்தா கருத்துப்போகும். கடைசி அலசலுக்காவது ஆத்துத் தண்ணி.

நாலுமுழம் (8:44)
எல்லாம் சரி, நம்ம ஊருக்கு எதுக்குத் தேங்காய்ப்பூ துண்டு? ஐப்பசி கார்த்திகையில ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல அது ரெண்டு நாளானாலும் காயாது, வாடை அடிக்கும். சங்கரன்கோவில் பக்கத்து, பூ இல்லாத ஈரிழைத் துண்டை வாங்கி பார்டர் தைங்க. பூவும் மாட்டாது, பதினாலு ஊசியே போதும்.

அம்பை_மதினி (8:52)
ஈரிழைக்குக் கஞ்சி இருக்கும், முதல் மூணு துவைப்புல அதுதான் அதிகம் சுருங்கும். அதையும் நனைச்சுத்தான் ஆகணும்.

நாலுமுழம் (8:55)
நனைக்க வேண்டாம்னு யாரு சொன்னா?

கத்தரி40 (9:02)
அழகுக்குத் தொங்கவிடுற துண்டுன்னு கேட்டிருக்காங்க. யாரும் அதுல தலை துவட்டப் போறதில்ல. இதுக்கு மழைக்காலம் வரை போயாச்சு.

நாலுமுழம் (9:06)
பால்காய்ப்பு வீட்டுக்கு வர்ற பத்துப் பேரும் கை கழுவிட்டு அதுலதான் துடைப்பாங்க, அண்ணாச்சி பார்க்கத்தான போறிய.

ஊசிமுனை (9:15)
திரும்ப விஷயத்துக்கு வருவோம். லேஸைப் பட்டையோட மேல் மடிப்புக்குள்ள 5 மி.மீ. சொருகி ஒரே தையல்ல பிடிச்சிருங்க, தனியா ஒரு வரி வேண்டாம். லேஸை இழுத்துப் பிடிக்காம, ஊசிக்கு முன்னால தளர்வா விட்டுக்கிட்டே போங்க. பட்டை உட்கார வேண்டிய இடம் துண்டு ஓரத்துல பூ இல்லாம தட்டையா நெய்திருக்கும் பாருங்க, அந்த இடம். பூமேல தைச்சா பட்டை வழுக்கும்.

ரதவீதி_ராட்டை (வியாழன், இரவு 8:37)
டவுன்ல புதுத் துணி எடுத்தேன், செவப்பு இல்ல, மஞ்சள். நனைச்சு, வெள்ளைத் துணியில அமுக்கிப் பார்த்துட்டுத்தான் தைச்சேன். 16 ஊசி. நாலு முடிஞ்சு துவைச்சும் பார்த்தாச்சு, தட்டையா நிக்குது. ரோஸ் துண்டு இன்னும் வாளியில. ரெண்டு பாக்கி, போறேன்.

கருப்புமெஷின் (8:49)
டென்ஷன் எத்தனையில வச்சிய?