தட்டோடு மாடியில் ஓதம்: மேலே வெள்ளை கோட்டிங் அடித்தால் போதுமா?

திருச்சி_மாடிவீடு:
18 வருட வீடு. 1,000 சதுர அடி மொட்டை மாடி, சுருக்கிக்கு (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம்) மேல் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு). ஐப்பசி மழையில் மூலை அறை சீலிங்கில் மட்டும் ஓதம், வெள்ளையாக உப்பு பூத்து பெயிண்ட் உரிகிறது. நடு ஹாலில் ஒன்றும் இல்லை. ஒருவர் வெள்ளை கோட்டிங் இரண்டு கோட் போதும் என்கிறார். இன்னொருவர் தட்டோட்டின் மேலேயே 2 இஞ்ச் கலவை போட்டு கூல் டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார். எது சரி? பால்கனி டைல்ஸ் வழியாகவும் தண்ணீர் இறங்கி போர்டிகோவில் சொட்டுகிறது.

கொத்துக்கரண்டி:
மூலையில் மட்டும் என்றால் தட்டோட்டைக் குறை சொல்லும் முன் கைப்பிடிச் சுவரின் அடியைப் பாருங்கள். வெயிலில் தளம் ஒரு மாதிரி விரியும், சுவர் வேறு மாதிரி. இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விடும். அதில் இறங்கும் தண்ணீர் சுருக்கிக்குள் பஞ்சில் ஊறுவதுபோல் ஊறி நின்று, மழை விட்ட பிறகும் கசியும். ஆகவே ஓதம் தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

உறுதிப்படுத்த, மாடியை நாலு பங்காக்கி சிமெண்ட் குறைந்த ஒல்லிக் கலவையில் வரப்பு கட்டி, ஒவ்வொரு பங்கிலும் 2 இஞ்ச் தண்ணீர் 48 மணி நேரம் நிறுத்துங்கள். சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ, நல்ல தளம் தாங்கும். சீலிங்கில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், முதலில் கம்பியைக் கவனிக்க வேண்டும்.

சுவரடி விரிசல்தான் என்றால் 1 இஞ்ச் அகலம், 1 இஞ்ச் ஆழம் வெட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சிமெண்ட் பாலில் எஸ்.பி.ஆர் லேடெக்ஸ் (பிடிமானம் தரும் ரப்பர் பால்) கலந்து தடவி, அது காயும் முன் 1:3 சிமெண்ட்-மணல் கலவையை அடைத்து, மூலையை 2 இஞ்ச் உருட்டிப் பூசுங்கள். செங்குத்து மூலையாக விட்டால் திரும்பவும் அதே இடம்தான் பிளக்கும். 7 நாள் தண்ணீர் காட்டுங்கள்.

மழைநீர்க் குழாயின் வாயையும் பாருங்கள். தட்டோட்டைவிட அரை இஞ்ச் தாழ்ந்திருக்க வேண்டும். பல வீடுகளில் குழாய் விளிம்பு ஓட்டுக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும், சுற்றிலும் எப்போதும் குளம்.

வாட்டம்80:
மேலே டைல்ஸ் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். 2 இஞ்ச் கலவை சதுர அடிக்குச் சுமார் 10 கிலோ, 1,000 சதுர அடிக்கு 10 டன். அடியில் ஊறிய ஈரம் மேலே வர வழியின்றி சீலிங் பக்கமே இறங்கும்.

கோட்டிங் கெட்டது அல்ல, ஈரத்தின் மேல் அடிப்பதுதான் தப்பு. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை ஓட்டின் மேல் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் அடிக்காதீர்கள், கொப்புளம் கட்டி உரியும். இங்கே பங்குனி, சித்திரை வெயில்தான் ஏற்ற காலம். தண்ணீர் தேங்கும் இடத்தில் இந்த அக்ரிலிக் கோட்டிங் நிற்காது, முதலில் வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு). 8 அடிக்கு 1 இஞ்ச் குறைந்தபட்சம்.

தட்டோட்டைக் கட்டையால் தட்டிப் பாருங்கள். ‘டொப்’பென்று வெற்றாக ஒலிப்பதை மட்டும் எடுத்து, 1:3 கலவையில் சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்புரூஃப் திரவம் சேர்த்துத் திரும்பப் பதித்து, இடுக்கைக் கலவையால் அடைத்துப் பாயிண்டிங் செய்யுங்கள். சுவரோரம் கோட்டிங்குக்கு இடையில் ஃபைபர் மெஷ் வைத்து, சுவரில் ஒரு அடி ஏற்றி, தரையில் ஒரு அடி இறக்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் பரப்பைவிட இழுத்து அடித்தால் படலம் மெலிந்துபோகும்.

தட்டோட்டை எடுக்கும்போது சுருக்கி கையில் பொடியாக வந்தால் ஒட்டுப்போடுவது வீண். 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் இல்லாமல், 3 இஞ்ச் கனம் என்று புதிதாகப் போட்டுக் கட்டையால் அடிக்க வேண்டும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து அடிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் பாடு.

திருச்சி_மாடிவீடு:
நன்றி சார். பால்கனிக்கு டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் கிரவுட் மட்டும் மாற்றினால் போதாதா?

கொத்துக்கரண்டி:
கிரவுட் தண்ணீரைக் குறைக்கும், நிறுத்தாது. நிறுத்துவது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் படலம்தான். ஏற்கெனவே சொட்டுவதால் டைல்ஸை எடுத்து, வெளிப்பக்கம் 5 அடிக்கு 1 இஞ்ச் வாட்டம் கொடுத்து, பவுடரும் திரவமுமாக வரும் பாலிமர் சிமெண்ட் கோட்டிங்கை இரண்டாவது கோட் முதலாவதற்குக் குறுக்காக அடியுங்கள். வாசற்படிக்குக் கீழும் ஏற வேண்டும், அதைத்தான் அடிக்கடி மறப்பார்கள். நன்றாக இறுகிய பின் தண்ணீர் கட்டிப் பார்த்து, பிறகு டைல்ஸ், 3 மில்லிமீட்டர் இடைவெளி, எபாக்ஸி கிரவுட்.

பால்கனி அடிப்பக்கம் ஓரத்தில் அரை இஞ்ச் காடி ஒன்று வெட்டச் சொல்லுங்கள். விளிம்பில் வழியும் மழை சீலிங்கில் ஊர்ந்து உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.